ஓதியதனையே மீட்டும் ஓதுதல்

புதுவை நகரின் மேற்கே, விழுப்புரம் நோக்கிச் செல்லும் பெருவழியில், உழவர்கரையைச் சார்ந்து விளங்குவது ரெட்டியார்பாளையம். ஆண்டுச் சிவஞானபோதத்தை இருமுறை பாடங்கேட்டு, மூன்றாம் முறையும் தொடங்கியுள்ள மெய்யன்பர் சிலர், தம்மை நோக்கிப் பிறர் எழுப்பும் வினாவொன்றற்கு விடைவேண்டி எம்மை அணுகினர். வினா இது: “சூத்திரம் பன்னிரண்டே. ஒருமுறை ஓதிப் பொருளும் உணர்ந்தீர், மறுமுறையும் ஓதினீர். இனி அதன்கண் எஞ்சியிருப்பது யாது? ஓதாத நூல் எத்துணையோ கிடப்ப, ஓதியதனையே மீட்டும் ஓதுதல் காலத்தை வறிதே கழித்தல் அன்றோ?”

இவ்வினா எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. வாழ்நாளோ சிறிது, கற்பனவோ பல. இதற்குத் தக்க விடை இறுக்க மாட்டாதவழி, திருமுறைப் பாராயணமும், குருமுகமாகப் பாடங்கேட்டலும், ஆதீனங்களில் வழிவழி வரும் சாத்திரப் பயிற்சியும் வெறும் பழக்கமாய் முடியும். ஆகலின், திருவருளை முன்னிட்டு இதனை ஆராய்வாம்.

முதற்கண் பூருவபக்கத்தை அதன் முழுவலியோடும் நிறுத்துவாம். நூலாவது தன் பொருளை அறிவுறுத்துங் கருவி. முதல் ஓதலில் அப்பொருள் விளங்கிற்றாயின், இரண்டாம் ஓதல் வேண்டப்படாதாம்; கரையேறினான் தோணியைச் சுமத்தல் போலும். விளங்கவில்லையாயின், முதல் ஓதல் பயனிலதாம். முதலிற் பயன்படாத கருவி பின்னர்ப் பயன்படும் என்பதற்கு உறுதி யாது? ஆகவே இருவாற்றானும் மீட்டும் ஓதுதல் குற்றமாம் என்பது அவர் கூற்று.

அற்றன்று. இக்கூற்று, ஓதுவான் எஞ்ஞான்றும் ஒரு தன்மையனே என்னுங் கோளின்மேல் நிற்கின்றது. அக்கோள் நம் சித்தாந்தத்திற்கு ஒவ்வாது. உயிரானது தான் சார்ந்ததன் இயல்பாய் நிற்பது. அநாதியே ஆணவத்தாற் பிணிப்புண்டது. அம்மலம் பரிபாகம் எய்துந்தோறும் அதன் அறிவு சிறிது சிறிதாக விளங்குவது. விளங்குதல் ஒருங்கே நிகழாது, முறையாகவே நிகழும். ஆதலின் நூல் மாறாதாயினும் ஓதுவான் மாறுகின்றான். முப்பதாம் ஆண்டில் ஓதினவனும் அறுபதாம் ஆண்டில் ஓதுகின்றவனும் பெயரால் ஒருவரே. பக்குவத்தால் ஒருவர் அல்லர்.

இதனை ஓர் உவமையால் விளக்குவாம். மேற்கூறிய பெருவழியே சென்று வில்லியனூரில் திருக்காமீச்சுரர் திருக்கோயிலை ஒருவன் அணுகுகின்றான் எனக் கொள்க. சேய்மையில் நிற்பானுக்குக் கோபுரம் என்னும் ஒருபொருள் மாத்திரமே தோன்றும். அணுகியவழி நிலைகள் தோன்றும். மேலும் அணுகியவழி ஒவ்வொரு நிலையினும் உள்ள உருவங்கள் தோன்றும். கோபுரம் வளர்ந்ததன்று, வழிச்செல்வான் அணுகினான். முதற்கண் கண்டது பொய்யோ எனின், அன்று. அதனைக் கண்டதனாலன்றோ அவன் அத்திசை நோக்கி நடந்தான். அங்ஙனமே முதல் ஓதலில் எய்திய உணர்வு மெய்யே, ஆயின் குறைவுடையது. அதுவே இரண்டாம் ஓதற்கு நம்மைச் செலுத்துவது. ஆகவே முதலோதல் வீணன்று, பின்னோதலும் மிகையன்று. பூருவபக்கத்தின் இருதலையும் இதனால் மறுக்கப்பட்டன.

நூல் மீட்டும் பயிலப்படுவது என்பது தமிழ்மக்களுக்குப் புதிய செய்தியுமன்று. திருவள்ளுவனார் நட்பு அதிகாரத்திலே பண்புடையாரோடு கொள்ளும் தொடர்பினை விளக்கப் புகுந்து, பயிலுந்தோறும் நயம் பயக்கும் நூலினை அதற்கு உவமையாக்கினார். உவமானம் உவமேயத்தினும் நன்கறியப்பட்டதாதல் வேண்டும் என்பது யாவரும் அறிந்தது. எனவே, நூலைத் திரும்பத் திரும்பப் பயில்வார் இன்பம் அக்காலத்தே விளக்கம் வேண்டாது விளங்கிக் கிடந்தது என்பது பெறப்படும்.

இனி இவ்வுண்மைக்குச் சான்றாவார் நம் சந்தான குரவருள் இரண்டாமவராகிய அருணந்தி சிவாசாரியரே. அவர் சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்றவர். மெய்கண்டதேவரின் தந்தையார்க்குக் குலகுருவாய் விளங்கியவர். ஆகமங்களுள் அவர் ஓதாதது இல்லை என்றே உலகம் மதித்தது. அத்தகையார் திருவெண்ணெய்நல்லூரில், ஆண்டால் மிக இளையவராகிய மெய்கண்டார் திருமுன் சென்று, ஆணவமலத்தின் வடிவு யாது என வினவினார் எனவும், மெய்கண்டார் சொல்லால் விடை கூறாது, வினவி நின்ற அவரையே நோக்கினார் எனவும், அந்நோக்கினால் தம் நிலை உணர்ந்து அவர் அடிபணிந்தார் எனவும் நம் மரபு கூறும்.

ஈண்டு நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. அருணந்தியார் அன்று புதிய ஆகமம் ஒன்றனைப் பெற்றாரல்லர். ஆணவம் என்னுஞ் சொல்லை அவர் அதற்கு முன்னும் எத்துணையோ முறை ஓதியிருந்தார். அதன் இலக்கணத்தைப் பிறர்க்கு உரைத்துமிருந்தார். ஓதிய சொல் தம்மையே குறிக்கின்றது என்பது மாத்திரம் அன்றுகாறும் தோன்றாதிருந்தது. அது தோன்றிய பின்னர், முன்னோதிய ஆகமம் யாவும் அவர்க்கு மற்றொரு பொருள் பயந்தன. அதன் விளைவே சிவஞான சித்தியார். குருவின் பன்னிரு சூத்திரங்களையே மீண்டும் எடுத்து விரித்த நூல் அது. ஓதியதனை மீட்டும் ஓதுதல் குற்றமாயின், நமக்குச் சித்தியார் இல்லை என்க.

பின்வந்த ஆசிரியரும் இந்நெறியே சென்றனர். 1785ஆம் ஆண்டிற் பரிபூரணம் எய்திய திருவாவடுதுறைச் சிவஞான முனிவர், சிவஞானபோதம் ஒன்றற்கே மாபாடியமும் சிற்றுரையும் என இரண்டு உரை வகுத்தனர். சித்தியார்ச் சுபக்கத்திற்கோ அறுவர் உரை உளவாயின. ஒருவர் கண்டதே முடிவாயின் ஏனையோர் எழுதியிரார். அவர் ஒவ்வொருவரும் முன்னையோர் நின்ற இடத்தே நின்று நோக்கியதோடமையாது, தம் பக்குவத்தின்வழி நூலை மீட்டும் எதிர்கொண்டனர்.

இது தனியொருவர் செயலாய் மாத்திரம் நின்றிலது. நாட்டு வழக்காகவும் பேணப்பட்டது. இப் புதுவை நாட்டினுள்ளே பாகூரில் வித்தியாதானம் ஒன்றிருந்தது எனவும், பல்லவ நிருபதுங்கவர்மன் காலத்தே மூன்று ஊர்கள் அதற்கு அளிக்கப்பட்டன எனவும் பாகூர்ச் செப்பேடு கூறும். ரெட்டியார்பாளையத்தின் வழியே செல்லும் அப்பெருவழிக்கண் உள்ள திருபுவனையில், முதலாம் இராசாதிராசன் காலத்தே, 1048ஆம் ஆண்டில், 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரி நடைபெற்றது கல்வெட்டால் விளங்கும். தஞ்சை இராசராசேச்சுரத்தில் நாள்தோறும் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்தற்கு 48 பிடாரரையும், உடன் முழக்குவார் இருவரையும் இராசராசன் நியமித்து, ஒவ்வொருவர்க்கும் நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் வகுத்தனன். அப்பதியங்கள் நேற்றும் பாடப்பட்டனவே, இன்றும் பாடுவதற்கு நெல் எற்றுக்கு என அம்மன்னன் கருதினானல்லன்.

ஓதப்படாது வைக்கப்பட்ட நூலுக்கு என்ன நேரும் என்பதனையும் அவன் அறிந்திருந்தான். தில்லையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த தேவார ஏடுகளைத் திறந்து நோக்கியபோது, பெரும்பாலன செல்லரித்துக் கிடந்தன எனத் திருமுறைகண்ட வரலாறு கூறுகின்றது. சேமம் மிக்க அறையே அவ்வேடுகளைக் காத்திலது. பனையோலையின் வாழ்நாள் ஓர் எல்லைக்குட்பட்டது. அதனைக் காத்தல் என்பது பூட்டி வைத்தலன்று; எடுத்து ஓதுதலும், பிழை நோக்கிப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதுதலுமேயாம். பெயர்த்தெழுதுவோன் மீட்டும் ஓதுவோனே. ஆகவே, நம் கையில் இன்று உள்ள ஒவ்வொரு சாத்திரமும், முன்னையோர் பலர் ஓதியதனையே மீட்டும் ஓதினமையால் எஞ்சியது என்பது ஒருதலை.

இதனை அணிமையிற் காணவேண்டுவார் புதுவைக்கே செல்க. 1955ஆம் ஆண்டில் ழான் ஃபிலியோசா என்னும் பேரறிஞர் முதல்வராக அங்கு நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும், தூரகிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் நிலையத்திலும் திரட்டப்பட்ட சைவச் சுவடிகள் ஏறத்தாழ 11,000. அவற்றை யுனெஸ்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டில் உலக நினைவகப் பதிவேட்டிற் சேர்த்தது. அந்நிறுவனத்தே என். ஆர். பட் அவர்கள் இரௌரவாகமத்தின் முதற்பகுதியை 1961ஆம் ஆண்டிலும், மிருகேந்திராகமத்தை 1962ஆம் ஆண்டிலும் ஆய்ந்து பதிப்பித்தனர். தி. வே. கோபாலையர் அவர்கள் பண்முறைப்படி அமைத்த தேவாரப் பதிப்பு 1984, 1985ஆம் ஆண்டுகளில் வெளிப்போந்தது. இத்தகைய பதிப்பாசிரியர், கிடைத்த சுவடி எத்துணையோ அத்துணை முறையும் ஒருவரியையே ஓதி ஒப்புநோக்குதல் வேண்டும். அவர் அலுத்திருப்பின் நமக்குத் திருந்திய பாடம் இல்லை.

2007ஆம் ஆண்டில் தேவாரம் மின்வடிவிலும் அந்நிறுவனத்தினின்று வெளிவந்தது. இன்று வேண்டிய சொல்லை இமைப்பொழுதில் தேடி எடுத்துவிடலாம், அது நன்றே. ஆயின் தேடியெடுத்தல் ஓதுதல் அன்று. தேடுவோன் தான் முன்னரே வினவியதற்கு மாத்திரம் விடை பெறுகின்றான். ஓதுவோனையோ, அவன் வினவாததனையும் நூல் வினவும். அருணந்தியார் வினவியது ஒன்று. பெற்றது அவரையே நோக்கிய நோக்கு.

இனி, “நூலறிவு பாசஞானம் அன்றோ? பாசஞானத்தாற் பதியை உணர்தல் கூடாது என்பது நும் சித்தாந்தமேயன்றோ? அங்ஙனமாகப் பாசஞானத்தை மீட்டும் மீட்டும் சேர்த்தலாற் பயனென்னை?” என்பாரும் உளர். இது முன்னையதினும் வலிய தடை. நூல் சொல்வடிவினது, சொல் மாயையின் காரியம், ஆதலின் அது பாசமே. ஆயினும் மாயை, இருளில் அகப்பட்டானுக்கு விளக்குப்போல, மலமறைப்பில் நின்ற உயிர்க்கு விளக்கஞ் செய்து துணைபுரிவது. விளக்கு ஞாயிறு ஆகாது; விடியுமட்டும் அதனை ஒருமுறை ஏற்றி அவித்துவிடுவாரும் இல்லை. எண்ணெய் பெய்தும் திரிதூண்டியும் பேணுவர். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்னும் நான்கனுள் முதன் மூன்றும் அங்ஙனம் திரிதூண்டுந் தொழிலே. சிந்திப்பான் கேட்டதன்கண் மீள்கின்றான். தெளிவான் சிந்தித்ததன்கண் மீள்கின்றான்.

அற்றேல், மீட்டும் ஓதுவார் அனைவரும் பயனெய்துவரோ எனின், எய்தார். அவர் மூவகையர். பழகிய சொல்லின் இனிமையின் பொருட்டு மீள்வார் ஒருவகையர். அது குற்றமன்று, ஆயினும் பழகிய திண்ணையிற் படுத்துறங்குதல் போல அவ்வளவில் நின்றுவிடுதலும் உண்டு. வாதத்திற் பிறரை வெல்லுதற்கு வேண்டும் இடங்களை மாத்திரம் நாடி மீள்வார் ஒருவகையர். இவர் ஓதுந்தோறும் முனைப்பே தடிக்கும். மலத்தை நீக்கவந்த நூலையே மலத்திற்கு உணவாக்குவர். தம்மை நூலின்முன் நிறுத்தி, முன்னை ஓதலினின்று இன்றளவும் யான் எனது என்னுஞ் செருக்கு எத்துணை தேய்ந்தது என நோக்குதற்கு மீள்வார் மூன்றாம் வகையர். மீட்டும் ஓதுதலின் பயனை அளக்குங் கோல் இதுவே. எத்துணை முறை ஓதினாம் என்பது அளவன்று.

ஓதாத நூலை ஒதுக்குக என்பதும் எம் கருத்தன்று. சித்தியார்ப் பரபக்கம் பதினான்கு மதங்களை எடுத்து ஆராய்கின்றது; பிறர்நூலைப் பரந்து கல்லாதார்க்கு அது கூடாது. பரந்து கற்றல் ஐயம் அறுத்தற்கு. ஒன்றனைப் பலகாற் கற்றல் அவ்வொன்றில் அழுந்துதற்கு. இரண்டும் வேண்டும். ஐயமறுதலே முடிவென்று அழுந்தாது போதலே குற்றமாம்.

ஈற்றில் சிவஞானபோதம் தானே இவ்வினாவுக்கு இறுக்கும் விடையைக் காண்க. பதினொன்றாம் சூத்திரத்தில் உயிர் அரன்கழல் அடைதல் கூறப்பட்டது. அவ்வளவின் நூல் முடிந்துவிட்டிலது. பன்னிரண்டாம் சூத்திரம் ஒன்று உண்டு. அது, மலங்கழுவப்பெற்ற ஞானியும் அடியாரொடு கூடி, அவர்தம் வேடத்தையும் ஆலயத்தையும் சிவமெனவே கண்டு தொழுதல் வேண்டும் என விதிக்கின்றது. முதன்முதற் சரியையிற் புகுந்த நாளில் அவன் தொழுத அக்கோயிலே இது, அவ்வடியாரே இவர். எய்தற்பாலதனை எய்தினானும் தொடங்கிய இடத்திற்கே மீளுகின்றான். அன்று பயன் கருதித் தொழுதான்; இன்று அன்பினால் தொழுகின்றான். வாசனாமலம் தாக்காதிருத்தற்கும் அதுவே காவலாம். ஞானிக்கே மீளுதல் விதியாயின், ஓதுநிலையில் நிற்கும் நமக்கு, “ஓதிவிட்டேம்” எனக் கூறி ஏட்டைக் கட்டுதல் யாங்ஙனம் பொருந்தும்?

ஆகலின் அன்பர்காள், மூன்றாம் முறையன்று, முப்பதாம் முறையாயினும் நாணற்க. ஓதத் தொடங்குங்கால் நூல் புதியதோ பழையதோ என வினவற்க. ஓதும் யாம் எந்நிலையில் நிற்கின்றேம் என வினவுக. அவ்வினாவோடு அணுகுவார்க்குப் பன்னிரு சூத்திரமும் நாள்தோறும் உரைக்கும். நம் ஆசிரியன்மார் திருவடிநீழலில் அவ்வுரை கேட்கும் செவியைத் தில்லைக் கூத்தப்பெருமான் நமக்கு அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.