படி எந்தப் பக்கம்?

ஒரு வீட்டில் ஒருவருக்குக் கடல் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்து மூன்று நாள் பாய்மரப் படகில் போய் வரலாம் என்று பேச்சு எழுகிறது. அந்தப் பயணத்தை யாருக்காகத் திட்டமிடுவது? திட்டமிடுவது தெரிந்தவர்தான், வேறு வழியில்லை. காற்றையும், கடலின் ஏற்றவற்றமான ஓதத்தையும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் அவர்தானே. ஆனால் திட்டமிடுகிற கை தன்னை அறியாமல் தன் ஆசையின் பக்கமே கோடு இழுக்கும். வரைபடத்தில் ஆகத் தொலைவில் இருக்கிற துறைமுகம்தான் கண்ணுக்கு அழகாகப் படும். இந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சோலன்ட் நீரிணையின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. கடல் தெரிந்தவள் நான். தெரியாதவர் என் கணவர்.

எனக்குத் தூத்துக்குடி. தாத்தா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்தவர். அவர் போய்த் திரும்பும்வரை ஆச்சி வீட்டில் விளக்கேற்றிக் காத்திருப்பாள். ஆயுசு முழுக்க அவள் ஒருமுறைகூடத் தோணியில் கால் வைத்ததில்லை. கடல் அவருடைய பிழைப்பு. அதில் அவளுக்கு அழைப்பே இல்லை. நான் பாய் விரிக்கப் பழகியதும் தூத்துக்குடியில் அல்ல, வேலைக்கு வந்த சவுத்தாம்ப்டனில், அலுவலக நண்பர்களோடு.

கணவருக்கு நாமக்கல் பக்கம். முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தப் பழகியவர். தண்ணீர் என்றால் பயமில்லை, ஆனால் அவருடைய தண்ணீருக்கு நாலு பக்கமும் சுவர் உண்டு. நான் வரைபடத்தை விரித்துத் துறைமுகங்களைச் சொல்லிக்கொண்டு போனபோது பொறுமையாகக் கேட்டவர், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்:

“கெணத்துல குதிக்கறதுக்கு முந்தி படி எந்தப் பக்கம்னு பாத்து வெச்சுக்குவோம். இதுல படி எந்தப் பக்கம்?”

படகுப் பயிற்சியில் எனக்குச் சொல்லித்தந்தவர்கள் நீட்டி முழக்கியதெல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிட்டது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயம், துறைமுகத்தைத் தாண்டிப் போகிறவர்கள் புறப்படும் முன்னரே பயணத்தைத் திட்டமிட்டாக வேண்டும் என்கிறது. 2002 ஜூலை முதல் பிரிட்டனில் உல்லாசப் படகுகளுக்கும் இது பொருந்தும். வானிலை, ஓதம், படகின் தாங்குதிறன், போகிற வழியின் ஆபத்துகள் ஆகியவற்றோடு இன்னும் இரண்டையும் பார்க்கச் சொல்கிறார்கள்: படகில் இருப்பவர்களின் அனுபவமும் உடல்வலுவும் எவ்வளவு, நிலைமை மாறினால் ஒதுங்க எங்கே இடம். அதாவது, கூட வருகிறவர் யார், படி எந்தப் பக்கம். ஆக, அனுபவமில்லாதவரின் அளவுக்குப் பயணத்தைச் சுருக்குவது அவர்மேல் காட்டும் தயவு அல்ல. அதுதான் முறையான கடலோட்டம்.

சோலன்ட் அதற்கு வாகான கடல். இங்கிலாந்தின் தென்கரைக்கும் ஐல் ஆஃப் வைட் தீவுக்கும் நடுவே சுமார் 32 கிலோமீட்டர் நீளம். பெரும்பாலான இடங்களில் நாலிலிருந்து எட்டு கிலோமீட்டர் அகலம். எங்கே நின்று பார்த்தாலும் கரை தெரியும். ஹாம்பிள் ஆற்று வாயிலிருந்து தீவின் வடமுனையில் இருக்கும் கவ்ஸுக்கு ஐந்தாறு கடல் மைல்தான். அங்கிருந்து மேற்கே போனால் வழியில் நியூடவுன் ஓடை. நங்கூரம் போட்டுவிட்டு நாரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதையும் தாண்டினால் யார்மத். கவ்ஸிலிருந்து சவுத்தாம்ப்டனுக்கு விரைவுப் படகு அரை மணிக்குள் வந்து சேரும். யார்மத்திலிருந்து எதிர்க்கரை லிமிங்டனுக்குக் கார் ஏற்றும் ஃபெரியும் ஓடுகிறது. பாய்மரக்காரர்கள் இந்த ஃபெரிகளை வழிவிட வேண்டிய பெரிய கப்பல்களாக மட்டுமே பார்த்துப் பழகியவர்கள். நானும் அவற்றின் நேர அட்டவணையை எடுத்துப் பார்த்தது இப்போதுதான். அவர் கேட்ட படிகள் இவைதாம்.

தேதி குறிப்பதில் எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. ஓதம் நிலவின் கணக்கு. அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஏற்றவற்றம் உச்சத்துக்குப் போகும். ஹர்ஸ்ட் கோட்டைக்கு எதிரே நீரிணை ஒரு மைல் அளவுக்குக் குறுகுகிற இடத்தில் அப்போது நீரோட்டம் மணிக்கு நாலு கடல் மைலுக்கு மேல் ஓடும். எங்கள் படகு நல்ல காற்றில் போவதே ஐந்து மைல் வேகம்தான். எதிர்த்துப் போனால் அரை மணி கழித்தும் அதே மரம் அதே இடத்தில் நிற்கும். புதிதாக வருகிறவருக்கு அதைவிட மனச்சோர்வு வேறில்லை. அஷ்டமி கழிந்து ஓரிரு நாளில்தான் நீர் ஆக அடங்கும். இதைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமியார் குறுக்கிட்டார்: “அஷ்டமி நவமில கெளம்பாதீங்க சாமீ!” தினசரி காலண்டரையும் ஓத அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தசமி இரண்டுக்கும் ஒத்துவந்தது. மாதம் என்று பார்த்தால், ஆகஸ்ட் தொடக்கத்தில் கவ்ஸ் வாரப் படகுப் போட்டி. அந்த நாட்களில் துறையில் படகு நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் செப்டம்பர். கடல்நீரும் அப்போதுதான் 17, 18 டிகிரி வரை சூடேறியிருக்கும். சூடு என்று சொல்வது இந்த ஊர்க் கணக்கில்.

காற்று விஷயம் இவ்வளவு எளிதாக முடியவில்லை. இந்தக் கரையில் பெரும்பாலும் அடிப்பது தென்மேற்குக் காற்று. வற்றும் நீர் சோலன்டில் மேற்கே ஓடும். யார்மத் போகிறவர்கள் அந்த நீரைப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள், மணிக் கணக்கில் நேரம் மிச்சம். ஆனால் ஓடுகிற நீரின் முகத்தில் காற்று அடித்தால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். பழகியவர்களுக்கு அது உற்சாகம். முதல்முறை வருகிறவருக்கு, பூமியே தன்னை உதறிவிடப் பார்ப்பதாகத் தோன்றும். புத்தகப்படி சரியான நேரத்தில் கிளம்பி, பயணத்தைப் பாழாக்கிக்கொள்ள அங்கே நல்ல வாய்ப்பு இருக்கிறது. எனவே மேற்கே போவதானால் காற்று வடக்கிலோ கிழக்கிலோ இருக்க வேண்டும், அல்லது பலமில்லாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் கவ்ஸோடு சரி.

காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் எனக்கு 5 பிடிக்கும். 17 முதல் 21 கடல் மைல் வேகக் காற்று. பாய் புடைத்து, படகு சாய்ந்து, சுக்கான் கையில் துடிக்கும். வானிலை நிலையம் பலத்த காற்று எச்சரிக்கை விடுவது 6-லிருந்து. 5-க்கு எச்சரிக்கை கிடையாது, ஆகவே “அதிகாரப்பூர்வமாக ஆபத்தில்லை” என்று வாதாட எனக்கு இடமிருக்கிறது. ஆனால் இந்தப் பயணத்தில் எனக்கு 5 வேண்டாம். 3-ல் போவோம். படகு சாய்வதுதான் அவருடைய பயம். அடியில் தொங்கும் கனத்த கீல் படகை எப்படி நிமிர்த்தும் என்று படம் போட்டே காட்டினேன். “புரியுது, ஆனா வயிறு ஒத்துக்கமாட்டேங்குதே” என்றார். அது நியாயமான பதில். பயத்துக்கு விளக்கம் மருந்தல்ல. பாயைச் சுருக்குவதுதான் மருந்து. ஒரு மடிப்பு முன்கூட்டியே சுருக்கிவிட்டால் படகு நிமிர்ந்து போகும். வேகம்கூட அநேகமாகக் குறையாது, ஏனென்றால் அளவுக்கு மீறிச் சாய்ந்த படகு எப்படியும் இழுபடத்தான் செய்யும்.

குமட்டலுக்கும் வழி உண்டு. காதின் உட்புறம் உணரும் அசைவும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகாததால் வருவது அது. ஆகவே உள்ளறைக்குப் போகக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது, அடிவானத்தைப் பார்க்க வேண்டும். மாத்திரை போடுவதென்றால் புறப்படும் முன்பே போட வேண்டும், வந்த பிறகு போட்டால் பயன் குறைவு. கடலில் குமட்டல் கோழைத்தனமல்ல. பிரிட்டிஷ் கடற்படையின் அட்மிரல் நெல்சனுக்கே இருந்தது. எல்லாவற்றையும்விட நல்ல வைத்தியம், சுக்கானை அவர் கையில் கொடுப்பது. அடுத்த அசைவு எந்தப் பக்கம் என்று சுக்கான் பிடித்தவருக்கு உடம்பே சொல்லிவிடும். உள்ளறைக்குப் போய்ச் சமைக்கும் வேலையே வேண்டாமென்று முதல் நாளுக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொள்கிறோம், ஃபிளாஸ்கில் இஞ்சிக் காபி.

இதற்கெல்லாம் மேலாக நான் நெடுநேரம் யோசித்தது படகின் அளவைப் பற்றி. வாடகைக்கு 36 அடிப் படகு கிடைத்தது. இரண்டு அறை, வெந்நீர், நிமிர்ந்து நிற்க உயரம். நான் 28 அடிப் படகைப் பேசி முடித்தேன். காரணம், அதை நான் ஒருத்தியாகவே ஓட்டிவர முடியும். பெரிய படகில் அவருடைய கை எனக்குக் கட்டாயம் தேவைப்படும். அவர் இல்லாமல் படகு நகராது என்றாகிவிட்டால், அவர் “வேண்டாம்” என்று எப்படிச் சொல்வார்? நடுவழியில் மனம் மாற அவருக்கு ஏது உரிமை? நம்மேல் அன்பு வைத்தவர்கள் நம் முகத்துக்காகச் சம்மதித்துவிடுவார்கள். அந்தச் சம்மதத்தை வைத்துக்கொண்டு பயணம் போவதில் எனக்கு விருப்பமில்லை. அவர் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம், படகு அதனால் தடுமாறாது, நான் முகம் சுளிக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போது அவர் சொல்லும் “சரி”தான் எனக்குச் சரி.

அதற்காக அவரை வெறும் பயணியாக உட்கார்த்திவைக்கவும் மாட்டேன். நான் தண்ணீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வார் என்ற கேள்வி இருக்கிறதல்லவா? அதற்கு மூன்று காரியங்கள். பாயின் கயிற்றைத் தளரவிட்டுப் படகை நிறுத்துவது. மிதவையை வீசிவிட்டு, என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக்காட்டிக்கொண்டே இருப்பது. ரேடியோவில் சிவப்புப் பொத்தானை மூடியைத் திறந்து அழுத்திப் பிடித்து, 16-ஆம் அலைவரிசையில் “மேடே” என்ற ஆபத்து அழைப்பை விடுத்துப் படகின் பெயரையும் இருக்கும் இடத்தையும் சொல்வது. பொத்தானை அழுத்தாமல் மற்ற எல்லாவற்றையும் கட்டிய படகிலேயே ஒத்திகை பார்க்கிறோம். இதைக் கற்ற பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது.

இந்தச் சவுத்தாம்ப்டனிலிருந்துதான் 1972-இல் மோரிஸ் பெய்லியும் அவர் மனைவி மேரலினும் நியூசிலாந்தை நோக்கிப் புறப்பட்டார்கள். வீட்டை விற்றுப் படகு வாங்கலாம் என்பது மேரலினின் யோசனை. அவருக்கு நீச்சல் தெரியாது. 1973 மார்ச்சில் பசிபிக் கடலில் ஒரு திமிங்கிலம் மோதிப் படகு மூழ்கியது. ரப்பர்த் தெப்பத்திலும் சிறு படகிலுமாக 117 நாட்களுக்கு மேல் மிதந்தார்கள். ஜூன் 30 அன்று ஒரு கொரிய மீன்பிடிக் கப்பல் அவர்களைத் தூக்கியது. கடல்வழிக் கணக்குகளில் தேர்ந்தவர் மோரிஸ், ஆனால் நம்பிக்கை இழந்து துவண்டவரும் அவர்தான். ஊக்கை வளைத்துத் தூண்டில் செய்து மீன் பிடித்தவர், சீட்டு வரைந்து விளையாட வைத்தவர், அடுத்த படகு எப்படி இருக்க வேண்டும் என்று பேசிப் பேசிக் கணவரைத் தேற்றியவர் மேரலின். எங்கள் பயணத்துக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனாலும் “கடல் தெரிந்தவர்” என்று என்னைச் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன்.

கரை சேரும் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. படகுத்துறைகளில் மாலை வேளையில் நின்று பார்த்திருக்கிறேன்: சுக்கானில் நின்று கத்துகிற ஒருவர், முன்னால் கயிற்றோடு திகைத்து நிற்கிற இன்னொருவர். பகல் முழுதும் இனிமையாகப் போன பயணம் கடைசிப் பத்து நிமிடத்தில் கசந்துபோகும். கத்துகிறவருக்கு அது என்ஜின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்பதற்காக. கேட்கிறவருக்கு அது ஊரறிய வாங்கிய திட்டு. நாங்கள் கைச்சைகைகளை முடிவு செய்துகொண்டோம். துறைக்கு ஒரு மைல் முன்னாலேயே கயிறுகளையும் மிதவைப் பந்துகளையும் கட்டி முடித்துவிடுவோம். கரைக்குக் குதிக்கிற வேலை யாருக்கும் கிடையாது. சரியாக அணையவில்லையென்றால் சுற்றிவந்து மறுபடி அணைவோம்.

இப்போதைக்கு எங்களுக்குள் முடிவானது கவ்ஸ் வரைக்கும்தான். மறுநாள் காலை மேற்கே போவதா வேண்டாமா என்பதை அவர் சொல்வார். அவர் விரைவுப் படகில் ஏறி வீட்டுக்குப் போகிறேன் என்றாலும் சரி, சாயங்காலம் எனக்கு முன்னால் வந்து ரசம் வைத்திருப்பார். உங்கள் துணையையும் கடலுக்கு அழைக்கும் எண்ணமிருந்தால், காற்று முன்னறிவிப்பைத் திறப்பதற்கு முன்னால் ஃபெரி அட்டவணையைத் திறந்து, அதை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.