வெறும் வயிற்றின் அக்னி

ஏகாதசிக்கு முந்தின ராத்திரி அம்மா தவறாமல் கேட்பாள்: "நாளைக்குத் தைராய்டு மாத்திரை வேண்டாமே? பகவானுக்குன்னு விட்ட வயிறுடா. அதுக்குள்ளே ஒண்ணும் போகப்படாது."

மட்டாஞ்சேரியில் ஒரு மருந்துக்கடையில் 30 வருஷம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான். "சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?" என்பதுதான் அங்கே நான் அதிகம் கேட்ட கேள்வி. ரம்ஜான் மாதத்தில் அதுவே, சஹருக்கு முன்பா, நோன்பு திறந்த பிறகா என்று வரும். திருப்பூணித்துறைக்குத் திரும்பினால் வீட்டில் ஏகாதசி.

சாஸ்திரம் இதில் இளக்கமாகத்தான் இருக்கிறது. மகாபாரதம், உத்யோக பர்வத்தில் விரதத்தைக் கெடுக்காதவை என்று எட்டைச் சொல்கிறது. தண்ணீர், கிழங்கு, பழம், பாலோடு மருந்தும் அதில் உண்டு. அம்மாவிடம் இது எடுபடவில்லை. "அதெல்லாம் முடியாதவாளுக்கு. எனக்குத்தான் முடியறதே!" அவள் கேட்பது சலுகை இல்லை என்று எனக்குப் புரிய நாளாயிற்று. விரதத்துக்குள்ளேயே மாத்திரைக்கு ஓர் இடம் வேண்டும் அவளுக்கு.

அந்த இடத்தை எனக்குக் காட்டியது அப்பா சாப்பிடும் முறை. அவர் இலையைச் சுற்றி நீர் விட்டு, ஐந்து பிராணன்களுக்கும் ஆஹுதியாகத் துளித்துளி அன்னம் விழுங்கிவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பிப்பார். கீதையின் 15-ஆம் அத்தியாயத்தில் பகவான், தானே வைச்வானர அக்னியாக உடலுக்குள் இருந்து அன்னத்தைச் செரிப்பதாகச் சொல்கிறார். அந்த வயிற்றை அளந்தால், பட்டினியில் பிஹெச் 1-க்கும் 2-க்கும் பக்கத்தில் இருக்கும். சோறு விழுந்ததும் 4, 5 என்று ஏறிவிடும். ஒரு எண் ஏறினால் அமிலத்தின் வீரியம் பத்தில் ஒன்றாகிறது. பழைய நிலைக்கு வரச் சில மணி நேரம் பிடிக்கும். சோறுதான் அக்னியைத் தணிக்கிறது. பட்டினியில் அது அணைவதில்லை.

அம்மாவின் தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சின் நன்றாகக் கரைய அந்த வீரியம் வேண்டும். சோறோ காபியோ குறுக்கே வந்தால் ரத்தத்தில் சேருவது குறையும். அவள் சாப்பிடும் இன்னொரு மாத்திரையான கால்சியம் கார்பனேட்டின் நியாயம் வேறு. சாப்பாட்டுக்கென்று சுரக்கும் அமிலத்தில்தான் அது கரைய வேண்டும், அதுவும் தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளி. ஏகாதசியன்று அதை விட்டுவிடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

அமிலமும் வைச்வானரனும் ஒன்று என்று நான் வாதிக்க வரவில்லை. ஒன்றை அளக்கலாம், மற்றதை வணங்கத்தான் முடியும். ஆனால் அம்மாவிடம் சொன்னேன்: "மத்த நாள்ல நீ காபிக்கு அவசரப்படறே. ஏகாதசியன்னிக்குத்தான் இந்த மாத்திரை கேக்கற வயிறு உங்கிட்ட இருக்கு. நீ பட்டினி கிடந்து காக்கற அதே அக்னியிலதானே விடறோம்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்போ ஆஹுதின்னு சொல்லு" என்றாள்.

மறுநாள் விடிகாலை, பூர்ணத்ரயீசர் கோயிலுக்கு நிர்மால்யம் தொழ ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அம்மா குளித்துவிட்டு எவர்சில்வர் டப்பாவைத் திறந்தாள். மாத்திரையை வலது உள்ளங்கையில் வைத்துக் கிழக்கே பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு ஒரு தம்ளர் தண்ணீர்.