கவுண்டர் திறப்பதற்குள்

அடுத்த பெரிய கச்சேரிக்கு டிக்கெட் விற்பனை இன்னும் தொடங்கவில்லை. தொடங்கிவிட்டால் யார் சொல்வதும் காதில் ஏறாது. பகல் 12 மணிக்குக் கை வியர்க்கும், கண் போனை விட்டு நகராது, வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் எரிச்சல் வரும். அந்த நேரத்தில் அறம் பேசினால் அடிக்க வருவீர்கள். அதனால்தான் இப்போதே சொல்கிறேன். இன்றிரவு படுக்கப் போவதற்குள் ஒரு தாளை எடுத்து அதில் இரண்டு எண்களை எழுதுங்கள். எவ்வளவு ரூபாய்க்கு மேல் கொடுக்க மாட்டீர்கள் என்பது ஒன்று. எத்தனை டிக்கெட்டுக்கு மேல் வாங்க மாட்டீர்கள் என்பது மற்றொன்று. எழுதியபின் அந்த எண்களை மாற்றுவதில்லை என்று உங்களுக்கு நீங்களே வாக்குக் கொடுங்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் 2024 செப்டம்பர் 22 ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்க்கட்டும். கோல்ட்பிளே குழு 2025 ஜனவரியில் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் பாடுவதற்கான டிக்கெட் விற்பனை அன்று புக்மைஷோவில் தொடங்கியது. தொடங்குகிற நேரத்திலேயே தளம் படுத்துவிட்டது. 1.3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் முயன்றதாக அந்த நிறுவனமே பிறகு சொன்னது. மூன்று இரவும் சேர்த்தாலும் அந்த மைதானம் கொள்ளும் கூட்டம் இரண்டு லட்சத்தைத் தொடாது. வரிசையில் தன் எண் பல லட்சம் என்று காட்டிய திரையைப் படம் பிடித்துப் போட்டுச் சிரித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனவர்கள் பிழைத்தார்கள். சிரிக்க மனம் வராதவர்கள் ரீசேல் தளங்களுக்குப் போனார்கள். 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 வரை விலை வைத்திருந்த டிக்கெட்டுகள் அங்கே லட்சங்களில் ஏறி நின்றன. வாட்ஸ்ஆப்பிலும் டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் போலி டிக்கெட்டுகள் கைமாறின. அடுத்த மாதமே அமலாக்கத் துறை டெல்லி, மும்பை, ஜெய்ப்பூர், சண்டிகர், பெங்களூரு என்று ஊர் ஊராகச் சோதனை போட வேண்டிவந்தது.

அந்த 1.3 கோடிப் பேரில் அந்தக் குழுவின் நான்கு பாடல்களை முழுதாகக் கேட்டவர்கள் எத்தனை பேர்? எனக்குச் சந்தேகம்தான். ‘எல்லாரும் போகிறார்கள், நான் மட்டும் போகாமல் இருப்பதா’ என்ற ஒற்றைக் கேள்விதான் பாதிக் கூட்டத்தை அந்த வரிசையில் நிறுத்தியிருக்கும்.

அன்று லட்சம் கொடுத்து வாங்கியவர், இன்று விட்டால் இனிக் கிடைக்காது என்றுதான் கொடுத்தார். பிறகு நடந்ததைப் பாருங்கள். விற்பனை நடந்த அன்றே மூன்றாவது நாள் நிகழ்ச்சியை அறிவித்தார்கள். நவம்பரில் அகமதாபாத் நிகழ்ச்சிக்கும் அறிவிப்பு வந்தது. லட்சம் பேர் உட்காரக்கூடிய நரேந்திர மோடி மைதானத்தில் இரண்டு இரவுகள். அதே நவம்பரில் 2,000 ரூபாய் விலையில் கொஞ்சம் டிக்கெட் தனியாக விற்றார்கள். நிகழ்ச்சி நெருங்கியபோது இன்னொரு தவணையும் வெளியே விட்டார்கள். கடைசியில் ஜனவரி 26 அன்று அகமதாபாத் கச்சேரியை ஹாட்ஸ்டாரில் நேரலையாகவே போட்டார்கள். பெங்களூரில் கடன் அட்டையைத் தேய்த்தவரும், வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தவரும் அதே பாடலை அதே நேரத்தில் கேட்டார்கள். நேரில் பார்ப்பதும் திரையில் பார்ப்பதும் ஒன்றா என்று சண்டைக்கு வர வேண்டாம். ஒன்றில்லைதான். அந்த வித்தியாசத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் தகுமா என்பதுதான் கேள்வி, அதற்கான பதிலைப் பதற்றத்தில் இருப்பவரால் சொல்ல முடியாது.

பதற்றம் தானாக வந்ததென்று நினைக்காதீர்கள். உங்களுக்கு ஊட்டப்பட்டது அது. திரையில் ஓடும் கவுண்ட்டவுன், ‘சில இடங்களே மீதம்’ என்ற சிவப்பு எழுத்து, ‘இந்த நிமிடம் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற அறிவிப்பு, கட்டணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில் மட்டும் தலைகாட்டும் கன்வீனியன்ஸ் ஃபீ, எல்லாம் தெரிந்து செய்கிற தொழில். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில் வாங்குபவரை ஏய்க்கும் 13 வகை உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது அதில் ஒன்று. விலையைத் துண்டு துண்டாகக் காட்டிக் கடைசியில் கூட்டுவது இன்னொன்று. இப்படி நடந்தால் 1915 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம். நம்மில் எத்தனை பேர் சொன்னோம்? டிக்கெட் கிடைத்துவிட்டால் புகார் மறந்துபோகிறது, கிடைக்காவிட்டால் புகார் சொல்லவும் தெம்பில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் இதில் நம்மைவிட ஒரு படி மேலே போய்விட்டார்கள். 2024 ஆகஸ்ட் 31 அன்று பிரிட்டனில் ஒயாசிஸ் குழுவின் மறுவருகைக்கு டிக்கெட் விற்றபோது, ஏறத்தாழ 150 பவுண்டு என்று நம்பி மணிக்கணக்கில் வரிசையில் காத்திருந்தவர்கள் முன்னால் போய் நின்றதும் அதே நிற்குமிட டிக்கெட் 350 பவுண்டுக்கு மேல் காட்டியது. யோசிக்கச் சில நிமிடங்கள்தான். பல பேர் கொடுத்தார்கள். அத்தனை நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா என்ற ஆற்றாமைதான் அங்கே கூடுதல் 200 பவுண்டுக்கு விலைபோனது.

என் பணம், என் சந்தோஷம், உனக்கென்ன என்று கேட்கலாம். இசைக்காகச் செலவு செய்வதை நான் குறை சொல்லவில்லை. பள்ளிப் பருவத்திலிருந்து நேசித்த இசைக்காக மாதாமாதம் ஒதுக்கி வைத்து, ஊர் விட்டு ஊர் போய், கடைசி வரிசையில் நின்றாவது கேட்டுவிட்டு வருகிறவரைக் கண்டால் எனக்கு மரியாதைதான். ஆனால் கடன் வாங்காதீர்கள். இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு ஒரு வருட இ.எம்.ஐ. கட்டாதீர்கள். சம்பளம் வாங்கத் தொடங்கி ஆறு மாதமாகாத பிள்ளைகள் கிரெடிட் கார்டில் மினிமம் டியூ மட்டும் கட்டிக்கொண்டு, வட்டி வளர்வதைப் பார்க்காமல், மைதானத்தில் கையை உயர்த்தி எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அம்மாவிடம் நகையைக் கேட்டு வாங்குவதைப் பற்றி நான் எழுதவே விரும்பவில்லை.

இனிச் சொல்வது இன்னும் கசக்கும். கறுப்புச் சந்தை என்றதும் யாரோ முகம் தெரியாத கும்பல் நம் நினைவுக்கு வருகிறது. கும்பல்கள் உண்டு, மறுக்கவில்லை. அவர்களோடு சேர்ந்து நாமும் இருக்கிறோம். ஒருவருக்கு நான்கு டிக்கெட் என்று வரம்பு வைத்தால் அப்பா, அம்மா, தங்கை, அறைத்தோழன் பெயரில் ஆளுக்கொரு கணக்குத் தொடங்கி நான்கு நான்காக எடுப்பது யார்? இரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றால் நம் செலவு வந்துவிடும் என்று கணக்குப் போடுவது யார்? முதல் நாள் முதல் காட்சிக்குத் தியேட்டர் வாசலில் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு ‘ஐம்பது நூறு, ஐம்பது நூறு’ என்று கிசுகிசுத்தவனை நாம் பிளாக் டிக்கெட் விற்கிறவன் என்று கேவலமாகப் பார்த்தோம். போலீஸ் துரத்தியபோது சரிதான் என்றோம். அதே வேலையைக் குளிரூட்டிய அறையில் லேப்டாப்பை விரித்து நம் வீட்டுப் பிள்ளை செய்தால் சாமர்த்தியம் என்கிறோம். அந்த லுங்கிக்காரனுக்கு அன்றைய அடுப்பு எரிய வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சாக்குகூடக் கிடையாது.

அயர்லாந்து 2021-இலேயே சட்டம் போட்டு, பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட்டை அதன் விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைத் தடுத்துவிட்டது. பிரிட்டன் அரசும் 2025 நவம்பரில் அதே வழியில் போவதாக அறிவித்தது. நாடு முழுமைக்கும் அப்படியொரு தனிச் சட்டம் இங்கே வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டோம் என்று வாங்குகிறவர்கள் நின்றுவிட்டால், ஆயிரம் டிக்கெட்டைப் பதுக்கியவன் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் அவற்றைத் தலையில் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான். அவன் தைரியமே உங்கள் அவசரத்தை நம்பித்தான்.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், உயிர் போனால் முடியாது. 1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் தி ஹூ குழுவின் கச்சேரி. பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு இருக்கை எண் கிடையாது, முந்தினவருக்கு முன்னிடம். குளிரில் ஆயிரக்கணக்கானவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். திறந்தவை சில கதவுகளே. உள்ளேயிருந்து ஏதோ சத்தம் கேட்டது. கச்சேரி தொடங்கிவிட்டது என்று நினைத்துப் பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். தொடங்கவில்லை. 11 பேர் அந்த வாசலிலேயே மூச்சுத் திணறி இறந்தார்கள். எல்லாரும் இளவயதினர். கச்சேரி நடந்து முடியும்வரை மேடையில் இருந்தவர்களுக்கே விஷயம் தெரியாது. தள்ளியவர்கள் கொலைகாரர்கள் இல்லை, முதல் பாட்டை விட்டுவிடுவோமோ என்று பயந்தவர்கள். 2023 நவம்பர் 25 அன்று கொச்சி பல்கலைக்கழகத்தில் மழை வந்ததும் வெளியே நின்ற கூட்டம் படியிறங்கி அரங்குக்குள் பாய்ந்து நான்கு உயிர் போனதும் இதே கதைதான்.

நம் சென்னை மயிரிழையில் தப்பியது. 2023 செப்டம்பர் 10, பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் வாசலைத் தாண்ட முடியாமல் திரும்பினார்கள், பிள்ளைகள் கூட்டத்தில் சிக்கி அழுதார்கள், பெண்கள் தங்களிடம் சிலர் அத்துமீறியதாகக் குமுறினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை அடைத்துக்கொண்டது. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பட்டும் என்று ரஹ்மான் சொன்னார். அவர்கள் தவறு பெரிது. ஆனால் நெரிசலைக் கண்ணால் பார்த்தபிறகும் தோளில் குழந்தையோடு முண்டியடித்தவர்களை யார் தள்ளினார்கள்? வாசலில் கூட்டம் அலைபோல முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினால் டிக்கெட் விலையை மறந்துவிட்டுத் திரும்பி நடங்கள். உடன் வந்தவர் முகம் சுளித்தாலும் இழுத்துக்கொண்டு வாருங்கள். டிக்கெட் இல்லாதவர்கள் தடுப்பைத் தாண்டிக் குதிக்கவே குதிக்காதீர்கள். நீங்கள் குதிக்கும் இடத்தில் காசு கொடுத்து வந்த ஒரு வீட்டின் குழந்தை நிற்கிறது.

நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: இடம் போதாதென்றால் தள்ளிவையுங்கள். 2025 ஜூலை 26 அன்று திருவிடந்தையில் நடக்க இருந்த அனிருத் நிகழ்ச்சியை, டிக்கெட் கேட்பவர்கள் அளவுக்கு மீறிவிட்டார்கள் என்று தள்ளிவைத்து ஆகஸ்டில் கூவத்தூர் பக்கம் வேறு இடத்தில் நடத்தினார்கள். உலகம் இடிந்துவிடவில்லை.

பாடகர்களே, இது உங்களுக்கும்தான். 2023-இல் தி க்யூர் குழு தன் ரசிகர்களுக்காக 20 டாலர் டிக்கெட் வைத்தது. விற்ற நிறுவனம் அந்த விலையையே மிஞ்சும் அளவுக்குக் கட்டணம் சேர்த்தது. குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் பொதுவெளியில் சண்டை போட்டு, வாங்கியவர்களுக்கு ஒரு டிக்கெட்டுக்கு 5 முதல் 10 டாலர் வரை திருப்பிக் கொடுக்க வைத்தார். சின்னத் தொகைதான். நம் மேடைகளில் ‘என் உயிரான ரசிகர்களே’ என்று உருகுகிறவர்கள் இதில் பாதியாவது செய்யலாமே. எந்த விலைக்கு, எத்தனை பேருக்கு, யார் பெயரில் டிக்கெட் போகிறது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்க உங்களைவிட யாருக்கு உரிமை?

ஏற்கெனவே விற்ற கச்சேரிகளின் கூடுதல் டிக்கெட் சிலர் கையில் இருக்கும். வர இருந்த நண்பனுக்கு லீவு கிடைக்காமல் போயிருக்கலாம், அல்லது உண்மையிலேயே லாபத்துக்காக வாங்கியிருக்கலாம். எதுவானாலும் இன்றைக்கே உங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் போடுங்கள். நிகழ்ச்சி வாரம் வரட்டும், விலை ஏறுகிறதா பார்ப்போம் என்று வைத்திருக்காதீர்கள். ‘வாங்கின விலை’ என்று எழுதி, பில்லின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். நாலு பேர் கேட்டால் அதிகம் தருகிறேன் என்பவரை விட்டுவிட்டு முதலில் கேட்டவருக்குக் கொடுங்கள்.