முடித்துவிட்டுச் சொல்கிறேன்

வாசகர் வட்டக் கூட்டங்களில், பேச்சாளர் வந்து சேரும்வரை நேரத்தைப் போக்க ஒரு வழக்கம் உண்டு. வந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தற்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தின் பெயரைச் சொல்லி, அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவார்கள். தமிழ்நாட்டுப் பொது நூலகங்கள் பலவற்றில் இத்தகைய வட்டங்கள் இருக்கின்றன. சிறப்புரை மறந்துபோனாலும் இந்த இரண்டு நிமிடப் பேச்சுகளில் காதில் விழுந்த ஒரு தலைப்பு மறப்பதில்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த வாசகரைத் தேடி நூல் தானாக நடந்து போகாது. அட்டவணையும் அலமாரியும் ஓரளவு வழிகாட்டும். மிச்சத்தை இன்னொரு வாசகரின் வாய்தான் செய்தாக வேண்டும். ஆகவே படித்துக்கொண்டிருப்பதைச் சொல்வது நல்ல காரியம் என்பதில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை.

ஐயம் எழுந்தது ஒரு சிறு நகரத்து நூலக மாடியில். வட்டத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வரிசை ஒரு நடுத்தர வயதுப் பெண்மணியிடம் வந்தது. அவர் மடியில் ஒரு தடித்த புத்தகம். “இப்ப என்ன படிக்கிறீங்கம்மா?” என்று ஆசிரியர் கேட்டார். “முடிச்சிட்டுச் சொல்றேன் சார்” என்றார் அவர். “பேரையாவது சொல்லுங்களேன்” என்றதற்கும் அதே பதில், அதே சிரிப்பு. வரிசை அடுத்தவருக்குப் போய்விட்டது. அங்கே நடந்தது அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் புத்தகத்துக்குப் போட்டிருந்த அட்டை அங்கிருந்த ஒருவரின் கவனத்தைவிட்டு அகலவில்லை. அது மாதக் காலண்டரின் வழவழப்பான தாள். வெள்ளைப் பக்கம் வெளியே வரும்படி மடித்திருந்தது. உள்பக்கத்துத் தேதிகள் இடவலம் மாறி மங்கலாகத் தெரிந்தன. முதுகில் தலைப்பு எழுதவில்லை. அது நூலகப் புத்தகமாக இருந்திருந்தால் யாரும் இவ்வளவு சிரத்தையாக அட்டை போட்டிருக்க மாட்டார்கள். இரவல் புத்தகமாக இருக்கலாம். அழுக்குப் படாமல் திருப்பித் தர வேண்டும் என்ற கவலையாக இருக்கலாம். பஸ்ஸில் படிப்பவராக இருந்தால், பக்கத்து இருக்கைக்காரரின் பார்வைக்குப் போட்ட திரையாகவும் இருக்கலாம். இப்படி மூன்று நான்கு காரணங்களை அடுக்க முடிகிறது. வாசகர்கள் மட்டுமே கூடியிருக்கும் இடத்தில் அந்தத் தாளைப் பிரிக்காததற்கு இவற்றில் ஒன்றும் காரணமாகவில்லை.

புத்தகத்துக்கு அட்டை போடும் பழக்கம் பள்ளியில் தொடங்குவது. ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் வீடுகளில் பிரவுன் ஷீட் விரியும். அது வாங்க வசதிப்படாத வீடுகளில் செய்தித்தாளோ பழைய காலண்டரோ. மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்ப்பது அப்பாவின் வேலை; லேபிள் ஒட்டிப் பெயர், வகுப்பு, பிரிவு, பாடம் எழுதுவது பிள்ளையின் வேலை. அந்த அட்டைக்குள் ஒளிவுமறைவு இல்லை. உள்ளே இருப்பது என்ன, யாருடையது என்பதெல்லாம் லேபிளில் இருக்கும். ஒளிவு வேண்டியிருந்தது கதைப்புத்தகத்துக்கு. விரித்த புவியியல் புத்தகத்துக்குள் துப்பறியும் நாவலை வைத்துப் படித்த தலைமுறைகள் இங்கே உண்டு. கதை படிக்கிற பிள்ளை உருப்படாது என்று நம்பிய வீடுகளில், என்ன படிக்கிறாய் என்ற கேள்வி விசாரணையாகத்தான் வந்தது. அதற்குப் பதில் சொன்னால் புத்தகம் கைமாறிப் பரணுக்குப் போகும். பெண் பிள்ளைகளுக்கு இந்த விசாரணை கல்யாணத்துக்குப் பிறகும் நீண்டது. அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லாமலிருக்கப் பழகிய கை, சிநேகிதமாகக் கேட்கும்போதும் தாளைப் பிரிக்கத் தயங்கியிருக்கலாம்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் அதே வீடுகளில் இருந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்தபோது, ஒரு தெருவில் அதைப் படிப்பவர் எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றார்கள். பத்திரிகை வந்த அன்றே ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியாது. எழுதுகிறவருக்கே முழுக்கத் தெரியுமா என்பது சந்தேகம். எனவே படித்துக்கொண்டிருப்பதைப் பற்றிப் பேசுவதுதான் அங்கே ஒரே வழி. கிணற்றடியில் பேச்சு நந்தினியைப் பற்றியோ பழுவேட்டரையரைப் பற்றியோ வளர்ந்தபோது, முந்திப் படித்தவர் கதையைக் கெடுத்தார் என்ற குறை எழவில்லை, முந்த முடியாது. பிறகு அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தைத்து பைண்டு செய்து, வீடு வீடாகக் கொடுத்து வாங்கினார்கள். பைண்டு செய்த தொகுதி கைக்கு வந்ததும் அந்தச் சமநிலை போயிற்று. ஒருவர் முதல் பாகத்தில் இருப்பார், இன்னொருவர் ஐந்தாம் பாகத்தை முடித்திருப்பார். இப்போது பேசுவதற்குக் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்.

என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்வி தமிழில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ சாட்சி. 1880 அக்டோபர் 21 அன்று, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆன அவர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன பாடம் கேட்டீர்கள் என்று முதலியார் விசாரித்தார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் உலாக்களையும் கோவைகளையும் இருபத்தைந்து வயது இளைஞர் வரிசையாக அடுக்கினார். முதலியாரின் முகத்தில் வியப்பு தோன்றவில்லை. கம்பராமாயணத்தைச் சொன்ன பிறகும் அவர் நிறைவடையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்திருக்கவில்லை. அங்கிருந்து தொடங்கிய தேடல் 1887இல் சிந்தாமணிப் பதிப்பாகவும், பின்னர் பத்துப்பாட்டாகவும் சிலப்பதிகாரமாகவும் புறநானூறாகவும் மணிமேகலையாகவும் வெளிவந்தது.

இந்தச் சந்திப்பைப் பலரும் கேட்டவரின் பெருமைக்காகவும் பதிப்பித்தவரின் உழைப்புக்காகவும் நினைவுகூர்வார்கள். வாசகர் வட்டத்துக்கு அதில் வேறொரு பாடம் இருக்கிறது. ஐயர் படித்ததாகச் சொன்ன நீண்ட பட்டியலால் அன்று எதுவும் விளையவில்லை. படிக்காத ஒன்றின் பெயர் நடுவில் வந்து விழுந்ததால்தான் எல்லாம் விளைந்தது. அதைக் கேட்டவரும் அந்த நூலைக் கரைத்துக் குடித்தவர் அல்லர். சிந்தாமணியின் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பொருள் சொல்லி உடன் படிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தவர். ஆக, இரு தரப்பிலும் நூல் முடியாமல் இருந்தது.

ஆனால் ‘என் சரித்திர’த்திலேயே இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சிந்தாமணியில் வரும் சமண சமயச் செய்திகள் புரியாமல் ஐயர் கும்பகோணத்துச் சமணர்களை நாடிப் போகிறார். ஒரு வீட்டு வாசலில் தோரணம் கட்டியிருக்கிறது. என்ன விசேஷம் என்று விசாரிக்கிறார். அந்த வீட்டில் பல மாதங்களாகப் படித்துவந்த சிந்தாமணி நிறைவடைந்ததைக் கொண்டாடுகிறார்கள் என்று தெரிகிறது. ஏட்டில் மட்டுமே கிடக்கிறது என்று அவர் நினைத்திருந்த காவியம், நாலு தெரு தள்ளி ஒரு குடும்பத்தின் அன்றாடப் படிப்பாக இருந்திருக்கிறது. ஊராருக்கு அவர்கள் அதைப் படித்து முடித்த பிறகே தெரிவித்தார்கள், அதுவும் மாவிலையால். தோரணம் கட்டிய நாளில் ஐயர் அந்தப் பக்கம் போகாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி முடித்துவிட்டுச் சொல்வதன் ஆபத்தைக் காட்டுகிறது. அந்த வீட்டார் எதையும் இழக்கவில்லை என்பதையும் உடனே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாதியில் சொல்வதன் ஆபத்துக்கும் சிந்தாமணியே எடுத்துக்காட்டு. பதின்மூன்று இலம்பகங்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். சீவகன் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக மணந்துகொண்டே போவதால் மணநூல் என்றும் இதற்குப் பெயர். பாதி தாண்டிய வாசகர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து பேசினால், இது காதலும் போரும் கல்யாணமும் நிறைந்த காவியம் என்பார். அதில் பொய் இல்லை. கடைசியில் முத்தி இலம்பகம் இருக்கிறது. அங்கே சீவகன் எல்லாவற்றையும் துறந்து போகிறான். அதைப் படித்த பிறகு முன்னே வந்த மணங்களுக்கெல்லாம் வேறு நிறம் ஏறும். பாதியிலேயே நாலு பேர் முன் அபிப்பிராயம் சொல்லிவிட்டவருக்கு அந்த நிறமாற்றம் எளிதில் வாய்ப்பதில்லை. சபையில் சொன்ன சொல்லை எல்லாரும் காப்பாற்றப் பார்ப்பார்கள். மீதிப் பக்கங்களை, சொன்னதற்கு ஆதாரம் தேடும் கண்ணோடுதான் படிக்க நேரும். காலண்டர் தாளுக்குள் இருந்த புத்தகத்துக்கு உரியவர் இதை அனுபவத்தில் அறிந்தவராக இருந்தால், அவருடைய மௌனம் கூச்சத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கம் பேசி முடிக்கட்டும் என்ற மரியாதையாகவும் இருக்கலாம்.

இதை விதியாக்கினால் சிக்கல் வருகிறது. டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது. அதைத் தொடங்கும் பலர் தொடக்கத்து விருந்துகளிலேயே ருஷ்யப் பெயர்களில் சிக்கி நின்றுவிடுகிறார்கள். ஒரே ஆளுக்கு மூன்று பெயர். இப்படி மாட்டிக்கொண்ட ஒருவர் வட்டத்தில் அதைச் சொன்னால், ஒரு தாளில் குடும்பம் குடும்பமாகப் பெயர் எழுதிப் புத்தகத்துக்குள் செருகிக்கொள்ளுங்கள், பிறகு தானே ஓடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். முடித்த பிறகுதான் பேசுவேன் என்று இருப்பவருக்கு அந்தத் தாள் கிடைக்காது, புத்தகமும் முடியாது. வாசகர் வட்டத்தின் உண்மையான பயன் பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான் வெளிப்படுகிறது. சக வாசகர் ஒருவர் எந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார் என்று தெரிவது, நல்ல புத்தகங்களின் பட்டியல் கிடைப்பதைவிடப் பல சமயம் உதவியானது.

முடியாமலே வாசிக்கப்படும் நூல்களும் உண்டு. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் திருநெல்வேலி வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’யில் கம்பன் பாடல் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் தாளத்திலும் பாவத்திலும் ஊறிக் கிடந்தார்கள். அங்கே போய், கம்பனை முடித்துவிட்டீர்களா என்று கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது. க.நா. சுப்ரமண்யமோ வேறு ரகம். தமிழ் நூல்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைத் தொகுப்பின் தலைப்பு ‘படித்திருக்கிறீர்களா?’. தாம் படித்து முடித்து, நிறுத்துப் பார்த்த பிறகு பிறரைக் கேட்ட கேள்வி அது. ஒரே மொழியில், ஏறக்குறைய ஒரே காலத்தில், இரண்டு முறையும் நன்றாகவே நடந்தன.

இன்றைய நிலை இவ்விரண்டிலும் சேராதது. சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது. இப்போது ஜனவரி தோறும், அங்கே வாங்கிய நூல்களைக் கட்டிலில் பரப்பிப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பும் பழக்கம் பரவியிருக்கிறது. அதில் தெரிவது மேலட்டை மட்டும். படிக்கத் தொடங்கும் முன்பே பகிர்தல் முடிந்துவிடுகிறது. படித்தாயா என்று பிறகு யாரும் கேட்பதில்லை. இதைக் குறையென்றே தள்ளவும் முடியாது. அந்தப் படத்தைப் பார்த்துப் புத்தகம் வாங்கியவர்களும், வாங்கியதைப் படித்தவர்களும் இருக்கிறார்கள். ரங்கநாதனின் மூன்றாம் விதிக்கு, சொன்னவர் படித்தாரா என்பது பொருட்டில்லை.

முடித்துவிட்டுச் சொல்வதா, முடிக்கும் முன்பே சொல்வதா என்பதை நூலின் தன்மையை வைத்துத் தீர்மானிக்கலாம் என்று முதலில் தோன்றும். கதைப்போக்கு முக்கியமான நூலுக்குப் பொறுமை, பாட்டுக்கும் அகராதிக்கும் அது வேண்டாம் என்று பிரிக்கலாம். தொடர்கதையின் அனுபவம் அந்தப் பிரிவைக் கலைத்துவிடுகிறது. ஆளின் இயல்பை வைத்துத் தீர்மானிக்கலாம் என்றால், ஒரே ஆள் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசித் தீர்க்கிறார், இன்னொன்றை மூடி வைத்துக்கொள்கிறார். ‘என் சரித்திரம்’ இந்தக் கணக்கை இன்னும் குழப்புகிறது. 1940 முதல் ‘ஆனந்த விகட’னில் தொடராக வந்த அது, 1942இல் ஆசிரியர் மறைந்ததால் முற்றுப்பெறவில்லை. முடித்த பிறகே பேசுவது என்றால் அதைப் பற்றி யாரும் பேசியிருக்க முடியாது. இத்தனை காலமாகப் பேசித்தான் வருகிறார்கள். வட்டம் நடத்துபவர்கள் செய்யக்கூடியது கேள்வியைக் கேட்பதும், பதில் சொல்லாதவரை வற்புறுத்தாமல் அடுத்தவரிடம் போவதும். அப்படிப் போவதால் அந்த வாசகரின் படிப்பு காப்பாற்றப்படுகிறதா, அல்லது அங்கிருந்த யாருக்கோ கிடைத்திருக்க வேண்டிய ஒரு புத்தகம் கிடைக்காமல் போகிறதா என்பதை அந்த நேரத்தில் எவராலும் சொல்ல முடியாது. பின்னாலும் தெரியவருமா என்பது நிச்சயமில்லை.