வென்றார் வினை

ஒரு நாடு மற்றொரு நாட்டின்மேற் படையெடுத்து அதனை வீழ்த்துங் காலங்களிலெல்லாம் மக்கள் உள்ளத்தே ஒரு வினா எழுகின்றது. தோற்றவர் என்ன தீவினை செய்து தோற்றனர்? வென்றவர்க்கு எந்நல்வினை துணைநின்றது? இது தோன்றுதற்கு இயல்பானதேயாயினும், சைவசித்தாந்த நெறிநின்று நோக்குவார்க்கு முறைமாறிய வினாவாகவே புலப்படும். அஃது எங்ஙனமென்பது காஞ்சிமாநகரின் பழைய வரலாறு கொண்டும், சென்ற நூற்றாண்டின் ஐரோப்பிய வரலாறு கொண்டும் ஆராயத்தகும்.

வினை மூவகைத்து. முன்னைப் பிறவிகளில் ஈட்டிக் கிடப்பது சஞ்சிதம். அதனுள் இப்பிறவியில் நுகர்தற்கு வந்தது பிராரத்தம். அதனை நுகருங்கால் புதிதாக ஏறுவது ஆகாமியம். போரின் முடிவு தோற்றவர்க்குத் துன்பமாகவும் வென்றவர்க்கு இன்பமாகவும் வரினும், இருவர்க்கும் அது பிராரத்தமே. அதனை அளந்து கூட்டுவிப்பவன் இறைவன். எண்ணிறந்த உயிர்களின் வினைக்கணக்கு உயிர்களின் சிற்றறிவிற்கு எட்டுவதன்று. ஆகலின், வீழ்ந்த நாட்டாரைத் தீவினையாளர் என்று இகழ்தற்கு எவர்க்கும் உரிமையில்லை. ஆராயத்தக்கது வேறொன்று. வென்ற மறுநாள் வென்றவன் செய்யுஞ் செயலே அது. அதுவே அவன் தன்மேல் ஏற்றிக்கொள்ளும் ஆகாமியமாகும். காஞ்சியிற் பட்டு நெய்வாரது தறியிலே பாவு முன்னரே பூட்டப்பட்டிருக்கும். நெய்யுங்கால் அதனை மாற்றலாகாது. ஊடையோ ஒவ்வோர் ஓட்டத்திலும் நெய்வோன் கையால் ஏறுகின்றது. பிராரத்தம் பாவினையும், ஆகாமியம் ஊடையினையும் ஒக்கும் என்க.

பல்லவர்க்கும் சளுக்கியர்க்கும் உண்டான பகை தலைமுறை பலவற்றைத் தொடர்ந்தது. மகேந்திரவர்மன் காலத்தே இரண்டாம் புலிகேசி பல்லவ நாட்டின்மேற் படையெடுத்தான். மகேந்திரன் மகனாகிய முதலாம் நரசிம்மவர்மன் மணிமங்கலம் முதலிய இடங்களிற் புலிகேசியைப் புறங்கண்டு, கி.பி. 642-இல் வாதாபியை அழித்து, அங்குள்ள பாறையிலே தன் வெற்றியைப் பொறித்தான். பின்னர்ப் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். அடித்த கை மாறியதேயன்றி அடி ஓய்ந்திலது.

இவ்வழியில் வந்தவன் கி.பி. 733-இல் அரசெய்திய இரண்டாம் விக்கிரமாதித்தன். அவன் நந்திவர்ம பல்லவமல்லனை வென்று காஞ்சியுட் புகுந்தான். தன் முன்னோர் தலைநகர் பட்ட அழிவை அவன் அறியாதானல்லன். தடுப்பாரும் இலர். இராசசிம்ம பல்லவன் எடுப்பித்ததும், இக்காலத்துக் கைலாசநாதர் கோயில் என வழங்குவதுமாகிய இராசசிம்மேச்சரம் அவன் கைப்பட்டுக் கிடந்தது. ஆயினும் அவன் அக்கோயிற் பொருளைக் கவராது, அக்கோயிலுக்கே மீள அளித்தான். இதனைக் கூறும் கன்னடக் கல்வெட்டு அக்கோயில் மண்டபத் தூணில் இன்றும் உள்ளது. அவன் நகரை அழியாது புகுந்தமையும், அந்தணர்க்கும் வறியோர்க்கும் ஈந்தமையும், கற்றளிகட்குப் பொன் வழங்கினமையும் அவன் மகன் கீர்த்திவர்மனது கேந்தூர்ச் செப்பேடு கூறும். அவன் தேவி உலோகமாதேவி காஞ்சி வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் எடுப்பித்த விரூபாட்சர் கோயிலோ, அமைப்பிற் கைலாசநாதர் கோயிலைப் பெரிதும் ஒத்தது. தோற்ற நகரின் கோயில் வென்ற நாட்டிற்கு ஆசிரியனாயிற்று.

இனி, ஐரோப்பாவை நோக்குக. 1918 நவம்பர் 11-ஆம் நாள், தோல்வியுற்ற செர்மானியர், பிரான்சு நாட்டுக் கொம்பியேன் காட்டிலே ஒரு புகைவண்டிப் பெட்டியில் இருந்து போர்நிறுத்த உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். 1940 மே 10-ஆம் நாள் இட்லரின் படை மேற்கு நாடுகளின்மேற் பாய்ந்தது. சூன் 14-இற் பாரிசு நகருட் புகுந்தது. சூன் 22-இல், காட்சிச்சாலையில் இருந்த அப்பழைய பெட்டியை வெளியே இழுத்து, பழைய இடத்திலேயே நிறுத்தி, பிரான்சினரை அதனுட் கைச்சாத்திடச் செய்தனர். வெற்றி முன்னரே கிடைத்துவிட்டது. பெட்டியால் ஒரு சாண் நிலமும் மிகுதியாகக் கிடைக்கவில்லை. தாம் பட்ட மானக்கேட்டைப் பிறர்மேல் ஏற்றும் இன்பம் ஒன்றே அதனாற் பெற்ற பயன். அப்பெட்டி பெர்லினுக்குக் கொண்டுபோகப்பட்டு 1945-இல் அழிந்தது. அவ்வாண்டு மே மாதத்திற் செர்மனியும் சரணடைந்தது. இதனைக் கொண்டு வினைப்பயன் ஐந்தாண்டில் வந்துவிடும் எனக் கணக்கிடுதல் கூடாது. பயன் வருங்காலம் இறைவன் கையது. விதைக்குங்காலமே உயிரின் கையது.

ஈண்டு ஓர் ஆசங்கை நிகழும். விக்கிரமாதித்தன் புகழ் விரும்பியன்றோ கல்லிற் பொறித்தான். அவன் படையெடுப்பில் மாண்டார்க்கு அக்கொடை ஈடாமோ எனின், ஆகாது. நல்வினையும் தீவினையும் ஒன்றையொன்று அழியாமல் தனித்தனியே நுகரப்படும் என்பதே நூற்றுணிபு. ஆயினும் வாதாபிப் பாறை வென்றதைச் சொல்லுகின்றது. காஞ்சித் தூணோ கவராது விட்டதைச் சொல்லுகின்றது. பகைவன் எடுப்பித்த கோயிலில் இருப்பவனும் தன் இறைவனே எனக் கண்ட அளவில், 'எனது' என்னும் செருக்கு ஒருசிறிது தளர்ந்தது போலும். அத்தளர்ச்சி புகழ் வேட்கையோடு கலந்து வரினும் நன்றேயாம்.

அற்றேல், வாதாபியை அழித்த படைக்குத் தலைவர் பரஞ்சோதியாராகிய சிறுத்தொண்ட நாயனார் அன்றோ. அவர்க்கு அவ்வினை ஏறாதோ எனின், யான் எனது என்பன அற்று இறைபணி நிற்பார்க்கு வினை ஏறாது என்பது சித்தாந்தம். ஆனால் போர் விரும்புவார் எவரும் இதனைத் தமக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. சேக்கிழார் பெருமான் காட்டும் மன்னனை நோக்குக. வெற்றிப்பொருள் குவிந்து கிடப்பவும், தன் சேனாபதி சிவனடியார் என அமைச்சரால் அறிந்தபொழுது அவன் களித்தானல்லன். அடியாரைக் கொடிய போரில் ஏவிவிட்டமைக்கு நடுங்கி, பொறுத்தருள வேண்டி, நிதி அளித்து விடைகொடுத்தான். பரஞ்சோதியாரும் திருச்செங்காட்டங்குடி சேர்ந்து அடியார்க்கு அமுதூட்டும் தொண்டில் நின்றார். வெற்றி வந்த நாளில் அஞ்சிய உள்ளமே அம்மன்னனுக்கு உண்மைப் பேறாயிற்று.

இது முடியுடையார்க்கு மட்டும் உரியதன்று. நிலவழக்கில் வென்றவனும், பாகப்பிரிவினையில் மேற்பங்கு பெற்றவனும், வாணிகத்தில் எதிரியை வீழ்த்தியவனும் அவ்வளவில் ஒரு நகருட் புகுந்த வேந்தரே. தோற்றவனிடம் இன்னும் எதனைப் பறிக்கலாம் என்று நெஞ்சு எண்ணும்போது, பாவு எவ்வாறு அமைந்ததென்று ஆராய்ந்து பயனில்லை. கையிலுள்ள ஊடையின் நிறம் யாதென்று நோக்குதலே அறிவுடைமையாகும்.

திருச்சிற்றம்பலம்.