விசாரிக்காத கதாநாயகன்

மலிவான சண்டைப்படங்களை ரசித்துப் பார்ப்பது அறத்துக்குப் பொருந்துமா என்று சென்னையில் கேட்டால், அது ரசனை பற்றிய பேச்சாக முடிந்துவிடும். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அப்படி எளிதில் முடியாது. இராணுவச் சுற்றிவளைப்பையும், முகமூடி போட்டு ஆள்காட்டும் தலையாட்டியையும், மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களின் கதைகளையும் அறிந்த தலைமுறை இங்கே இன்னும் இருக்கிறது. அதே தலைமுறைதான் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வாடகைக்கு டெக் எடுத்து, ஜெனரேற்றருக்கு எண்ணெய் தேடி, விடியவிடிய மூன்று நாலு படங்களை ஒரே இருப்பில் பார்த்தது. அவற்றில் அடிதடிப் படம் ஒன்றாவது கட்டாயம் இருக்கும். வெளியே துவக்குச் சத்தம் சும்மா கேட்கிற ஊரில், உள்ளே அதே சத்தத்தைக் காசு கொடுத்துக் கேட்டார்கள்.

இந்தப் பார்வையாளரைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் தயாராகவே இருக்கின்றன. அடிதடிப் படம்தான் இளைஞரைக் கெடுத்துத் துவக்கைத் தூக்கவைத்தது என்பது முதலாவது. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பையன்கள் புரூஸ் லீயைப் பார்த்துவிட்டு ஆயுத இயக்கத்துக்குப் போகவில்லை. 1987 ஜனவரியில் மகிழடித்தீவு இறால் பண்ணைக்கு வேலைக்குப் போனவர்கள் கொல்லப்பட்டதைப் போன்ற சம்பவங்களைக் கண்டு போனார்கள். பின்னாளில் பிள்ளைகள் வீடுவீடாகக் கேட்கப்பட்டார்கள். கொடுக்காத வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார்கள். 2004இல் கிழக்கில் விடுதலைப் புலிகள் இயக்கம் பிளந்தபோது, சீருடையைக் கழற்றிவிட்டு வீடு திரும்பியவர்களில் பதினெட்டு வயது நிரம்பாதோர் மட்டும் ஆயிரத்துக்கு மேல். இவ்வளவுக்கும் பழியைத் திரைப்படத்தின் தலையில் போட்டால், பழிக்கு உரியவர்கள் பலர் சிரித்துக்கொண்டே தப்பிப் போவார்கள்.

பொழுதுபோக்குக்கு அறக்கணக்கு எதற்கு என்பது இரண்டாவது தீர்ப்பு. இதுவும் போதாது. ஒரு கூட்டம் எந்த இடத்தில் கைதட்டுகிறது என்பதிலிருந்து அது எதை நீதியென்று ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது தெரியும். அந்தக் கைதட்டலை விசாரிக்கலாம்.

முதலில் மலிவு என்பதற்காகவே ஒரு படத்தை இழிவாகப் பேசும் வழக்கத்தை ஒதுக்கிவிட வேண்டும். அதில் அறத்தைவிட அந்தஸ்து உணர்ச்சிதான் கூடுதல். அமெரிக்காவில் ரோஜர் கோர்மன் 1960இல் ‘தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ படத்தின் பெரும்பகுதியை இரண்டே நாளில் எடுத்து முடித்தார். அவருடைய மலிவுப் பட்டறையில் தொழில் பழகியவர்களில் கொப்பொலாவும் ஸ்கோர்செஸியும் உண்டு. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. அவருக்குப் பின் அங்கிருந்து வந்த ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ போன்ற படங்கள் ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஆக்கின. ஒளிப்பதிவாளர் கர்ணன் 1970இல் ‘காலம் வெல்லும்’, 1972இல் ‘கங்கா’ என்று தமிழில் கௌபோய்ப் படங்களையே உண்டாக்கிக் காட்டினார். குதிரையும் தொப்பியும் துப்பாக்கியும் தமிழ் பேசின. சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அந்தச் சிரிப்பில் ஏளனத்தோடு பாசமும் இருக்கிறது. கயிறு தெரிகிறது, பாறை அட்டை என்பது தெரிகிறது, அடி விழுவதற்கு முன்பே ஆள் விழுகிறான். இவ்வளவும் தெரிந்தும் நம்புவதாக ஒப்புக்கொள்வதில் பார்வையாளருக்கு ஒரு பங்கு கிடைக்கிறது. கூத்தில் கரப்புடுப்பையும் மரவாளையும் கண்டு அதை அரசனின் கோலம் என்று ஏற்றுக்கொண்ட ஊருக்கு இந்த ஒப்பந்தம் புதிதில்லை.

மலிவு குற்றமில்லை என்றாலும், குறைத்த செலவை யாரோ ஒருவர் தம் உடலால் ஈடு செய்கிறார். புரூஸ் லீ 1973 யூலை 20ஆம் திகதி இறந்தபின் அவருடைய சாயல் கொண்டவர்களை வைத்து எத்தனையோ படங்கள் வந்தன. 1978இல் வெளிவந்த ‘கேம் ஆஃப் டெத்’ அவருடைய உண்மையான இறுதிச் சடங்கின் காட்சியையே கதைக்குள் செருகிவிட்டது. 2016 நவம்பரில் பெங்களூருக்கு அருகே கன்னடப் படமொன்றுக்காக ஹெலிகொப்டரிலிருந்து நீர்த்தேக்கத்தில் குதித்த மூவரில் கதாநாயகன் கரை சேர்ந்தார். வில்லன்களாக நடித்த இருவரும் உயிர்காப்பு அங்கி இல்லாமல் மூழ்கிப் போனார்கள். 2025 யூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் பறக்கும் காட்சி ஒன்றில் சண்டைக் கலைஞர் ஒருவர் இறந்தார். திரையில் பொய்யாகத் தெரியும் ஆபத்து எடுக்கும் இடத்தில் சிலவேளை மெய்யாகிவிடுகிறது. இதில் பெரிய முதல், சிறிய முதல் என்ற பேதமும் அவ்வளவாக இல்லை.

பெண் உடல் விடயத்தில் இன்னும் கடுமையாகப் பேச வேண்டும். தங்கைக்கு நேர்ந்த கொடுமைக்கு அண்ணன் பழிவாங்கும் கதை, இந்த வகைப் படங்களுக்கு வற்றாத ஊற்று. கொடுமையைக் கண்டிப்பதாகச் சொல்லிக்கொண்டு அந்தக் காட்சியை நீட்டி, நெருங்கி, பல கோணத்தில் காட்டிச் சீட்டு விற்பார்கள். பிறகு அதைச் செய்த வில்லனைக் கொன்று பார்வையாளரின் கையைக் கழுவிவிடுவார்கள். தான் விற்ற சரக்குக்கே தண்டனை கொடுக்கும் இந்தத் தந்திரம் மலிவுப் படத்தின் தனிச்சொத்தும் அல்ல. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலுமகேந்திரா தமிழ்த் திரைக்குக் கிடைத்த மிகச் சிறந்த கண்களில் ஒன்று. அவருடைய ‘மூடுபனி’ 1980இல் வந்தது. பாலியல் தொழில் செய்யும் பெண்களைக் கொல்பவனைப் பற்றிய கதை அது. கொலைகாரனுக்குப் படத்தில் ஒரு பிள்ளைப்பருவமும் காயமும் உண்டு. கொல்லப்படும் பெண்களுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒளி அழகானது, இசையோ இளையராஜாவின் நூறாவது படத்துக்குரியது. அழகினால் அந்தக் குறை நேராகிவிடவில்லை.

இவையெல்லாம் எந்த ஊரிலும் சொல்லக்கூடிய குறைகள். வாவிக்கரையிலிருந்து பார்க்கும்போது இவற்றைவிட ஆழமான ஒன்று தென்படுகிறது. அது இரத்தம் சம்பந்தப்பட்டதல்ல. குற்றவாளி யார் என்ற அறிவு சம்பந்தப்பட்டது.

சண்டைப்படத்தில் கொலை நம் கண்முன்னே நடக்கிறது. கொலைகாரனின் முகமும் சிரிப்பும் மோதிரமும் முதல் ரீலிலேயே தெரிந்துவிடுகின்றன. அதன்பின் விசாரணைக்கு வேலையில்லை. நீதிமன்றம் வந்தால் அது ஏமாறுவதற்காகவே வரும். பொலிஸ் வந்தால் பிந்தி வரும். விஜயகாந்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ‘சட்டம் ஒரு இருட்டறை’ 1981இல் இதை வெளிப்படையாகவே வாதாடியது. சகோதரி பொலிஸ் அதிகாரி, தம்பி சட்டத்தை நம்பாதவன், அவன்தான் சரி. அந்தப் படம் ‘அந்தா கானூன்’ என்று 1983இல் ஹிந்திக்கும் போனது. சட்டம் கண்ணிழந்தது என்ற குற்றச்சாட்டுக்கு வடக்கு, தெற்கு என்று எல்லை இருக்கவில்லை. கதாநாயகன் தவறான ஆளைக் கொன்றுவிட்டான் என்று இத்தகைய படம் முடிவது அரிது. அப்படி முடிந்தால் போட்ட காசு திரும்பாது.

இந்தப் படங்களின் உண்மையான கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது. பார்வையாளர் விரும்புவது அடியை அல்ல. சந்தேகம் இல்லாத அடியை. யார் செய்தது என்று தெரியும், செய்தவன் பெறுவான், இன்றிரவே பெறுவான். நீதி கிடைக்காத ஊரில் இந்த ஆசையைக் கொச்சையென்று சொல்ல எவருக்கும் தகுதியில்லை.

ஆனால் இதே சந்தேகமின்மைதான் நிஜ வாழ்வில் இந்த மண்ணை அழித்தது. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்கள் வரிசையாக்கப்பட்டு, முகமூடி அணிந்தவர்களுக்கு முன்னால் நடத்தப்பட்டார்கள். தலை அசைந்தது, 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், எவரும் திரும்பவில்லை. இயக்கங்களின் பக்கத்திலும் கதை அவ்வளவு வேறல்ல. வடக்கிலும் கிழக்கிலும் ‘சமூகவிரோதி’, ‘துரோகி’ என்று அட்டை எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டு மின்கம்பங்களில் கட்டிச் சுட்டவர்களுக்கும், தங்களுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. அட்டையை வாசித்தவர்கள் கேள்வி கேட்கவில்லை. பயம் ஒரு காரணம். எழுதியிருந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்ற பழக்கமும் ஒரு காரணம். அந்தப் பழக்கத்தைப் படம் உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. அதற்கு எதிராகப் படம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சொல்லலாம்.

பழிக்கதை என்றாலே இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இங்மார் பெர்க்மனின் ‘தி வேர்ஜின் ஸ்பிரிங்’ 1960இல் வந்தது. மகளைக் கெடுத்துக் கொன்றவர்கள், தெரியாமல் அவளுடைய வீட்டுக்கே வந்து, அவளுடைய உடையைத் தாயிடமே விற்கப் பார்க்கிறார்கள். தகப்பன் அவர்களைக் கொல்கிறார். கூட வந்த, குற்றத்தில் பங்கில்லாத சிறுவனையும் கொன்றுவிடுகிறார். பிறகு தன் கைகளைப் பார்த்து இறைவனிடம் முறையிடுகிறார். வெஸ் கிரேவன் இதே கதையை 1972இல் ‘த லாஸ்ட் ஹவுஸ் ஆன் த லெஃப்ட்’ என்று மிகக் குறைந்த செலவில் எடுத்தார். அதில் பிரார்த்தனை இல்லை. பெற்றோர் இரத்தத்தில் நனைந்து நிற்பதோடு படம் நின்றுவிடுகிறது. அந்த வெறுமையில்கூட ஒரு நேர்மை இருக்கிறது, பழிவாங்கிய பின் எதுவும் சரியாகவில்லை என்று அது ஒப்புக்கொள்கிறது. நம்முடைய படங்கள் அந்த இடத்தில் ஒரு பாட்டையும் குடும்பப் படத்தையும் வைத்துவிடும்.

பெர்க்மனிடம் போகாமலும் இதைக் கற்கலாம். செட்டிபாளையம், மகிழூர், தம்பிலுவில் என்று இந்தக் கரை முழுக்கக் கண்ணகி கோயில்கள். ஆண்டுக்கொருமுறை வைகாசியில் கதவு திறந்து கண்ணகி வழக்குரை பாடுவார்கள். பழிவாங்கும் பெண்ணின் கதைதான் அதுவும். ஆனால் அவள் முதலில் அரசவைக்குப் போய் வாதாடுகிறாள். சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். அரசியின் சிலம்பில் முத்து, இவளுடையதில் மாணிக்கம். பாண்டியனின் குற்றம் கொலை மட்டுமன்று, பொற்கொல்லனின் ஒரு சொல்லை விசாரிக்காமல் நம்பியதும்தான். தலையாட்டியை நம்பிய அதிகாரியின் குற்றம் அது. மதுரை எரிந்தது நியாயமா என்ற கேள்வி அதோடு தீர்ந்துவிடவில்லை என்பது பாடியவர்களுக்கும் தெரியும். ஆகவேதான் சடங்கு நெருப்போடு முடிவதில்லை, அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தியோடு முடிகிறது. கோபம் நியாயமானது என்று ஊர் ஒப்புக்கொள்கிறது. அந்தக் கோபம் ஊருக்குள் எரிந்துகொண்டே இருக்க முடியாது என்றும் ஒப்புக்கொள்கிறது.

கூத்தும் அப்படித்தான். வட்டக்களரியில் விடியவிடியப் போர் நடக்கும், தலைகள் உருளும். இருந்தும் துரியோதனனுக்குத் தருமனைப் போலவே வரவு உண்டு, பாட்டு உண்டு, மத்தளமும் சல்லாரியும் உண்டு. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தனின் தயாரிப்பில் மட்டக்களப்பின் மௌனகுரு ‘இராவணேசன்’ ஆக ஆடியபோது, தோற்கப்போகிறவனின் மனதுக்குள் சபை போய்வந்தது. எதிரி பேசி முடிக்கும் வரை காத்திருக்கும் பொறுமையைக் கூத்து கேட்கிறது. சண்டைப்படம் கேட்பதில்லை. அதன் வில்லனுக்கு வாய் இருப்பது சிரிப்பதற்கு மட்டும்.

வாய் மறுக்கப்படுபவன் யார் என்பதையும் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளுக்குப் பின் தமிழ்ச் சண்டைப்படங்களில் தாடியும் தொப்பியும் குற்றத்தின் அடையாளமாக அடிக்கடி வந்தன. இந்தியாவில் வேறு சில படங்களில் ஈழத் தமிழரே பயங்கரவாதியாக வந்து போனார்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆரையம்பதியைத் தாண்டினால் காத்தான்குடி. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். உடையைப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் முறை கடைசியில் எங்கே கொண்டுபோகும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 2019இல் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபின், அதே முறை மறுபக்கமாகத் திரும்பி அப்பாவி முஸ்லிம் கடைக்காரர்களின் மேல் விழுந்தது. தாடியை மட்டும் காட்டி வில்லனை அறிமுகப்படுத்தும் படத்துக்கு இந்தக் கரையில் கைதட்டுவது தவறு. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

மற்றப் படங்களைப் பார்க்கலாம். அட்டைப் பாறையும் பொய் இரத்தமும் ஒருவரையும் கொல்லவில்லை. பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தெலுங்கு டப்பிங் படங்களைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்று கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் பேசுகிறவர்கள், அந்தப் பிள்ளைகளுக்கு ஏன் உடனடித் தீர்ப்பு இவ்வளவு இனிக்கிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். 1991 யூன் 12ஆம் திகதி கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நடந்த கொலைகளுக்கு ஜனாதிபதி ஆணைக்குழு அமைந்தது. இறந்தவர்கள் 67 பேர் என்றது ஆணைக்குழு; ஊர் 150க்கு மேல் என்கிறது. நட்டஈடு பரிந்துரைக்கப்பட்டது. இராணுவ நீதிமன்றத்தில் கட்டளை அதிகாரி ஒருவர் தம் கடமையில் தவறியதற்காகப் பதவியிழந்தார். கொலைக் குற்றத்துக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.