கொடையும் அளவும்

ஒருவன் தன்னிடத்துள்ள பொருளைப் பிறனொருவனுக்குக் கொடுக்குங்கால், கொடுப்பவன் உயர்ந்தோனாகவும் ஏற்பவன் தாழ்ந்தோனாகவும் ஆதல் தவிர்க்கலாகாததோ? தவிர்க்கலாகாதெனின், தருமமென்று நாம் போற்றுவது ஏற்பவனுக்குப் பொருளைக் கொடுத்து அவன் மானத்தை வாங்கும் ஒருவகை வாணிகமாய் முடியும். தவிர்க்கலாமெனின், அஃது எவ்வாறு? நமது குடாநாட்டிலே போரினாலும் புதையுண்ட கண்ணிவெடியினாலும் கால் இழந்தோரை, கை இழந்தோரை, கண் இழந்தோரை அறியாத ஊர் அரிது. அவர்க்கு உதவுவான் எழுந்த சங்கங்களும் பல. ஆதலால் இவ்வினா ஏட்டுவாதமாக நில்லாது, நாடோறும் நம் படலையடியில் வந்து நிற்கின்றது.

முதலில் ஒரு தடையை நீக்குவாம். “அவரவர் வினைப்பயனை அவரவர் அநுபவிக்கின்றனர்; நாம் இடையிலே புகுதல் எற்றுக்கு?” என்பார் நம்மவருள்ளும் உளர். வினைக்கொள்கையானது ஒருவன் தன் துன்பத்தைப் பொறுத்தற்கும் தன் ஒழுக்கத்தைத் திருத்தற்கும் துணையாவது. அயலான் துன்பத்தைக் கண்டு வாளாவிருத்தற்குச் சாட்டாவதன்று. மாணாக்கனது அறியாமை ஆணவமலத்தின் மறைப்பாலாயது என்பது சித்தாந்தம். அதுபற்றி நம்முள் எவரேனும் பள்ளிக்கூடத்தைப் பூட்டி வீட்டுக்குப் போயினரோ? உயிரின் இருளை நீக்க விளக்கேந்துவது தகுமாயின், உடலின் குறைக்கு ஊன்றுகோல் கொடுப்பதும் தகும். இவ்வளவிற் சொல்லி இதனை விடுவாம். இதற்குமேல் வாதிப்போர் பெரும்பாலும் பணப்பையைக் காப்பவரேயன்றிச் சித்தாந்தத்தைக் காப்பவரல்லர்.

இனி, பெரியபுராணத்திலே தண்டியடிகணாயனார் சரித்திரத்தை மாணாக்கர்க்குச் சொல்லும்போது, இறுதியில் அவர் கண்பெற்ற அற்புதத்தையே நாம் அழுத்திச் சொல்லுகின்றோம். அதற்கு முன்னே நடந்ததை நோக்குக. பிறவியிலே கண்ணில்லாத அவர், திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்து குறுகினமை கண்டு அதனைத் தோண்டத் துணிந்தார். குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டு, இரண்டினுக்கும் இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து போய்க் கொட்டினார். அவர்க்கு அப்பொழுது வேண்டியது பிறர் இரக்கமன்று; ஒரு கயிறு. தமக்கு வேண்டுவது எது என்பதை அவரே அறிந்திருந்தார். அவரை இகழ்ந்து, அக்கயிற்றையும் தறியையும் பறித்தவர்களோ கண்ணுடையவர்கள்.

அவ்வாறு இகழ்ந்தோரைச் சமணரென்று புராணம் கூறும். நம் காலத்திலே, 1975-ஆம் ஆண்டு, இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் மகாவீரர் திருப்பெயரால் ஒரு சங்கம் நிறுவப்பட்டுக் காலிழந்த இலட்சக்கணக்கானோர்க்குக் கால் கொடுத்து வருகின்றது. கூலி யாதும் பெறுவதில்லை. இதனைச் சைவராகிய நாம் நாணாது சொல்லுதல் வேண்டும்.

அச்சங்கம் கொடுக்கும் கால் தோன்றிய வரலாறு நம் வினாவுக்கு விடையளிப்பது. மேனாட்டார் செய்த செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள்ளே மறைந்திருத்தற்குச் செய்யப்பட்டது. நாற்காலியில் இருப்பவனுக்கும் செப்பனிட்ட தெருவில் நடப்பவனுக்கும் அது போதும். நம் நாட்டு உழவனோ சேற்றில் இறங்குபவன், குந்தியிருப்பவன், சம்மணங்கட்டி உண்பவன், சப்பாத்துடன் கோயிலுட் புகாதவன். அவனுக்கு அக்கால் கொடுக்கப்பட்டபோது, நடை கிடைத்தது, வாழ்வு கிடைத்திலது. 1968-ஆம் ஆண்டளவில் இராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும், பி. கே. சேத்தி என்னும் சத்திரவைத்தியரும் கூடி, இறப்பராலும் மரத்தாலும் எல்லாப் பக்கமும் வளையும் ஒரு பாதத்தை ஆக்கினர். அதற்குச் சப்பாத்து வேண்டா. மேனாட்டு வைத்தியநூல் சொல்லாத இக்குறையைக் கண்டு தீர்த்ததிலே, பள்ளிப்படிப்பு மிகக் குறைந்த அக்கைவினைஞருக்குப் பெரும் பங்குண்டென்பதை ஆசிரியராகிய நாம் சிறிது சிந்திப்பது நன்று.

அக்கால் 1987-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அதனை இங்கே செய்துகொடுக்க ஜெய்ப்பூர் நிலையத்தைத் தொடங்கியது பிரெண்ட் இன் நீட் சொசைட்டி. அப்பெயர் நம்மூர்க்குப் புதிதன்று. அரசாங்க ஏசண்டராயிருந்த டைக் துரை காலத்திலே, 1850-ஆம் ஆண்டளவில் அப்பெயர்ச் சங்கம் வைத்த ஆசுபத்திரியே இன்றைய போதனா வைத்தியசாலைக்கு வித்து. கைதடியில் நவீல்ட் பாடசாலையும், சுன்னாகத்தில் வாழ்வகமும், கோண்டாவிலிற் சிவபூமிப் பாடசாலையும் வேறு வேறு குறையுடைய பிள்ளைகளுக்கு இவ்வழியே தொண்டு செய்வன. எனினும் கால் செய்யும் தொழிலிலே இவ்வுண்மை கண்ணுக்கே புலப்படுகின்றது. கால் செய்வோன் முதலிற் செய்வது அளவெடுத்தல். எஞ்சிய காலின் அச்சை எடுத்து, அவ்வச்சின்மேலே வார்த்து, அணிவித்துப் பார்த்து, நொந்த இடத்தைத் தேய்த்து, மறுபடியும் அணிவிக்கின்றான். எங்கே நோகின்றது என்பதைச் சொல்லவல்லவன் ஏற்பவன் ஒருவனே. ஆகவே அக்கொடையிலே ஏற்பவன் வாய்மூடிக் கைநீட்டி நிற்பவனல்லன். கொடையை ஆக்குபவருள் அவனும் ஒருவன்.

திருவள்ளுவர் ஈகைக்கு முன்னே ஒப்புரவை வைத்தார். வைத்து, அவ்வதிகாரத்துக்கு ஒப்புரவறிதல் என்று பெயரிட்டார். ஈகைக்குப் பொருள் வேண்டும். ஒப்புரவுக்கு முதலில் அறிவு வேண்டும். பிறன் வாழ்வு எத்தன்மையது, அவன் எங்கே இருப்பான், எதில் இறங்குவான், எதற்கு நாணுவான் என்பதை அறியாது கொடுப்பது, எண்ணம் நல்லதேனும், சப்பாத்துக் காலைச் சேற்றுழவனுக்குக் கொடுத்தலேயாம். கொடுப்பவன் தன் அளவுக்குக் கொடுக்கின்றானோ, ஏற்பவன் அளவுக்குக் கொடுக்கின்றானோ என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. முன்னது ஏற்பவனைத் தாழ்த்தும். பின்னது தாழ்த்தாது, ஏனெனின், அங்கே கொடுப்பவன் மாணாக்கனாய் நின்று கேட்டறிய வேண்டியவனாகின்றான்.

இக்காலத்து உதவி வைபவங்களை இவ்வளவுகோலால் அளந்து பார்க்க. சக்கர நாற்காலி ஒன்று. அதனைப் பிடித்து நிற்கும் கைகள் பத்து. நடுவிலே தலைகவிழ்ந்திருக்கும் ஒரு சிறுவன். பின்னே சங்கத்தின் பெயர் பொறித்த சீலை. படம் மறுநாள் பத்திரிகையில் வரும். அச்சிறுவன் வீட்டு ஒழுங்கை மணலோ கல்லோ, அந்நாற்காலி அதில் உருளுமோ என்று கேட்டவர் எத்தனைபேர்? அப்பூதியடிகள் தாம் வைத்த தண்ணீர்ப்பந்தலுக்குத் தம்பெயர் இட்டாரல்லர். தாம் அதுகாறும் கண்டிராத திருநாவுக்கரசர் பெயரையே இட்டார். யான் பயின்ற மிஷன் பாடசாலையிலும் ஒரு கை செய்வதை மறு கை அறியலாகாதென்றே போதித்தார்கள். இவ்விரு சமயத்தாரும் ஒருங்கே சொன்ன ஒன்றை இவ்விரு சமயத்தாரும் ஒருங்கே மறந்தமை வியப்பே.

இன்னுஞ் சிலர்க்கு, அளவெடுக்குமுன்னே வேறொரு கேள்வி எழுகின்றது: இக்கால் யாருக்காகப் போனது? அரசாங்கத்தின் படைவீரர்க்கு 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ரணவிரு சேவை அதிகாரசபை உண்டு. எதிர்நின்று போரிட்டு, 2009-ஆம் ஆண்டின்பின் புனர்வாழ்வு முகாம் சென்று மீண்டோர்க்கு அத்தகைய சபை இல்லை. உறவும் ஊரும் சங்கமுமே கதி. ஒருசாரார் அவரை வீரரென்று மேடையிற் புகழ்ந்து வேலை கொடுக்க அஞ்சுகின்றனர். ஒருசாரார் அவர் வந்தாற் கதவைச் சாத்துகின்றனர். போரின் நியாயத்தைப்பற்றி அவரவர்க்கு அவரவர் கருத்து இருக்க. அளவெடுக்கும் நாடாவிலே அதற்குக் கோடில்லை. வயலுக்குப் போன பெண் கண்ணிவெடியில் இழந்த காலும், அவ்வெடியைப் புதைத்தவன் இழந்த காலும் ஒரே வகையாகத்தான் நோகின்றன. இது சொல்லுதற்கு எளிது. அவ்விருவரையும் ஒரே வாங்கில் இருத்தி அளவெடுத்தல் எளிதன்று. ஆயினும் அவ்வாங்கிலே ஆளைத் தெரிந்தெடுக்கத் தொடங்கிய சங்கம் தருமசங்கமென்னும் பெயரை விடவேண்டும்.

தெரிந்தெடுக்கும் இந்நோய் உலகெங்கும் உள்ளது. அமெரிக்காவிலே, 1868-ஆம் ஆண்டு நியூயோர்க் நகரத்து நாடகக் கலைஞர் சிலர் கூடி அமைத்த எல்க்ஸ் என்னும் சகோதர சங்கம், இளைஞர்க்கும் மீண்ட படைவீரர்க்கும் அங்கவீனமுற்றோர்க்கும் செய்த உதவி மிகப் பெரிது. அச்சங்கமே வெள்ளையரல்லாதாரை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்னும் விதியை 1973-ஆம் ஆண்டுவரை வைத்திருந்தது. சிரிக்கவேண்டா. நம் பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருப்பதற்கு 1920-களில் எவ்வளவு போராட்டம் நிகழ்ந்ததென்பதையும், எதிர்த்து நின்றவர் நெற்றியில் திருநீறு இருந்ததென்பதையும் நாம் அறிவோம்.

சங்கம் எதற்கு, தனிமனிதர் செய்யும் தருமம் போதாதோ எனின், போதாது. பொய்க்கால் ஒருமுறை கொடுத்து முடிவதன்று. வளர்ந்தோர்க்குச் சில ஆண்டுகளில் அது தேயும், உடையும். எஞ்சிய கால் மெலிந்து பொருந்தாதுபோம். வளரும் பிள்ளைக்கோ ஓராண்டுக்குள்ளேயே குறுகிவிடும். பத்து வயதிற் காலிழந்தவன் முதுமை எய்துமுன் எத்தனை கால் மாற்றவேண்டும் என்று எண்ணிப் பார்க்க. அத்தனைக்கும் ஒரு தனவந்தன் உயிரோடிருப்பானோ? சங்கம் இருக்கலாம், இருக்கவேண்டும்.

அப்பிள்ளையின் கால் குறுகினமையை முதலிற் காண்பவர் பலமுறையும் பெற்றோரல்லர், ஆசிரியரே. காலையிலே வாசலால் வரும்போது அவன் இடுப்பு ஒருபுறம் சாய்கின்றது, விளையாட்டு நேரத்தில் மதிலோரமாக நிற்கின்றான், கேட்டால் ஒன்றுமில்லையென்பான். 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அவனுக்குக் கல்வியிலே பாரபட்சம் காட்டலாகாதென்று சொல்லுகின்றது. அவன் நோவைச் சட்டம் காணாது. அவனைத் தனியே அழைத்து, மற்றைப் பிள்ளைகள் அறியாவண்ணம், எங்கே உரசுகின்றதென்று கேட்டு, நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்புவதற்கு ஒரு பாடவேளை போதும்.